ஒன்பதாம் வகுப்பில் தமிழ்நாட்டின் தொடக்க வரலாறு: சான்றுகளை வைத்தே நடத்த வழி?

முல்லைத்திணை:
வணக்கம். ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் வரலாற்றுக்கு முந்தைய காலம், தொடக்ககாலத் தமிழ்ச் சமூகம் ஆகிய இரண்டு பாடங்களுக்கும் சேர்த்து ஆறு பாடவேளை கிடைக்கிறது. ஒரு பாடவேளை 45 நிமிடம். மாணவர்கள் 40 பேர், அரசுப் பள்ளி, செலவுக்குப் பெரிதாகப் பணம் கிடையாது. "மூவேந்தர் யாவர், அவர்களின் கொடி எது" என்று மனப்பாடம் செய்ய வைத்தால் மதிப்பெண் வந்துவிடும். ஆனால் "இது நமக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் பதில் அந்த மனப்பாடத்தில் இல்லை. காலக்கோடு, மாதிரி அகழாய்வு, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்து ஆகிய மூன்றையும் கையால் செய்ய வைக்க விரும்புகிறேன். அளவுகளோடு சொல்லுங்கள். எங்கே சொதப்பும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

கொசஸ்தலை:
டீச்சர், காலக்கோட்டிலிருந்து தொடங்குங்கள். கரும்பலகையில் ஒரு முழக் கோடு போட்டு "பழைய கற்காலம், புதிய கற்காலம், இரும்புக் காலம்" என்று சம இடைவெளியில் எழுதுவதுதான் பெரும் கேடு. மூன்றும் ஒரே நீளம் என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடும்.

கொத்தனார் பிடிக்கும் நூல் 15 மீட்டர் வாங்குங்கள். 1 மீட்டருக்கு ஒரு லட்சம் ஆண்டு, 1 செ.மீ.க்கு ஆயிரம் ஆண்டு. வகுப்பறையில் அடங்காது, தாழ்வாரத்தில் கட்ட வேண்டும். ஒரு முனை இன்று. மறுமுனையில் திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கம், அங்கே கிடைத்த கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு. 3.85 மீட்டரில் அதே அதிரம்பாக்கத்தில் சிறிய செதில் கருவிகள் தோன்றும் இடை பழங்கற்காலம். இப்போது கீழடியைக் கட்டச் சொல்லுங்கள். இன்றைய முனையிலிருந்து 2.6 செ.மீ.தான் வரும். சங்க காலம், பல்லவர், சோழர், ஆங்கிலேயர் எல்லாம் இரண்டு விரல் அகலத்துக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் நீங்கள் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து 5.5 மீட்டரில் இன்னொரு நூல், 1 செ.மீ.க்கு 10 ஆண்டு. இது இரும்புக் காலத்திலிருந்து இன்று வரைக்கும். இதில் கீழடி 2.6 மீட்டரில் வரும், அசோகர் கல்வெட்டுகள் சுமார் 2.3 மீட்டரில். இரண்டு நூலையும் ஒன்றன் கீழ் ஒன்றாக, இன்றைய முனை ஒரே பக்கம் இருக்கும்படி கட்டுங்கள்.

சிக்கல்கள்: நைலான் நூலை இழுத்துக் கட்டினால் நீளும், ஆகவே தரையில் கிடத்தி அளந்து முடிச்சுப் போட்ட பிறகு கட்டுங்கள். பொ.ஆ.மு. 580, பொ.ஆ.மு. 490 இரண்டில் எது முந்தியது என்று கேட்டால் பாதிப் பேர் 490 என்பார்கள். கழித்தல் எண்களோடு ஒப்பிட்டுக் காட்டினால் தெளிந்துவிடும். இடையில் பூஜ்ய ஆண்டு கிடையாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். கி.மு. என்று பழகிய பிள்ளைகளுக்கு பொ.ஆ.மு.வும் அதே ஆண்டுதான் என்று முதலிலேயே ஒரு வரி போதும்.

பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கைக்கோடரியை அடையாளம் கண்டதில்தான் இந்தியாவின் பழங்கற்கால ஆய்வே தொடங்குகிறது. சில மாதங்களில் அதிரம்பாக்கம். நம் மாநிலத்துப் பிள்ளை இதைத் தெரியாமல் பள்ளியை முடிக்கக் கூடாது.

மண்ணடுக்கு:
மாதிரி அகழாய்வு பற்றி. பொதுவாக மணல் தொட்டியில் மணிகளைப் புதைத்துத் தேட விடுவார்கள். அது புதையல் விளையாட்டு. அகழாய்வில் பொருளைவிட அது கிடந்த அடுக்குதான் முக்கியம், ஆகவே அடுக்கு இல்லாத தொட்டியைத் தொடவே வேண்டாம்.

காய்கறிக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் தக்காளிப் பெட்டி நான்கு. பத்துப் பேருக்கு ஒன்று. உள்ளே கிழிந்த சாக்கை விரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஓட்டை வழியே மண் கொட்டும். உள்ளளவு 50 × 30 செ.மீ. இருந்தால் 24 செ.மீ. உயரத்துக்கு 36 லிட்டர் மண் பிடிக்கும், எடை 50 கிலோவைத் தாண்டும். எங்கே தோண்டப் போகிறீர்களோ அங்கேயே வைத்து நிரப்புங்கள். நிரப்பிய பின் நகர்த்தினால் அடுக்கு குலைந்துவிடும்.

கீழிருந்து மேலாக, ஒவ்வொன்றும் 6 செ.மீ.:

அடியில் சலித்த ஆற்று மணல், பொருள் எதுவும் வேண்டாம். மனிதர் வருவதற்கு முந்தைய கன்னி மண் இப்படித்தான் இருக்கும், அதைத் தொட்டதும் தோண்டுவதை நிறுத்த வேண்டும். அதன் மேல் கரிசல் மண். அதில் உடைந்த மண்சட்டித் துண்டு 15, இரண்டு பாசிமணி, ஓர் அடுப்புக்கரி, ஏழெட்டு நெல். அதற்கும் மேல் செம்மண், ஓட்டுத் துண்டு, செங்கல் சில்லு, ஒரு துருப்பிடித்த ஆணி, ஒரு ரூபாய் நாணயம். உச்சியில் தோட்ட மண், பாட்டில் மூடி, பேனா மூடி.

ஒரு பெட்டியில் மட்டும் கூடுதலாக ஒரு வேலை. எல்லா அடுக்கும் போட்ட பிறகு மேலிருந்து கரிசல் வரை 8 செ.மீ. அகலத்தில் ஒரு குழி வெட்டி, அடியில் ஒரு பேனா மூடி போட்டு, தோட்ட மண்ணால் மூடுங்கள். "கரிசல் காலத்திலேயே பிளாஸ்டிக் இருந்ததா?" என்று அந்தக் குழுவுக்குள் சண்டை வரும். மண்ணின் நிற வேறுபாட்டைப் பார்த்து, பிற்காலத்தில் யாரோ குழி வெட்டியிருக்கிறார்கள் என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். முழுப் பயிற்சியிலும் மதிப்புள்ள பகுதி இதுதான்.

நிரப்பும்போது ஒவ்வோர் அடுக்கிலும் அரை லிட்டர் தண்ணீர் தெளித்துக் கையால் அமுக்குங்கள். காய்ந்த மண் தோண்டத் தோண்டச் சரியும். ஈரம் அதிகமானால் கரிசல் களியாகிக் கரணையில் ஒட்டும். இரண்டு நாள் முன்னதாக நிரப்பி, சாக்கு போட்டு மூடிவைத்தால் பதம் சரியாக இருக்கும்.

ஒரு பெட்டியைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்க இடம் இல்லை. மூவர் தோண்ட, இருவர் சலிக்க, இருவர் அளக்க, இருவர் பதிவேடு எழுத, ஒருவர் வரைய என்று பிரித்து, ஓர் அடுக்கு முடிந்ததும் மாற்றுங்கள். சின்னக் கரணை, பழைய பெயின்ட் பிரஷ், மாவுச் சல்லடை போதும். ஆழத்தைப் பெட்டியின் விளிம்பிலிருந்துதான் அளக்க வேண்டும். தோண்டிய தரையிலிருந்து அளந்தால் ஒவ்வொரு முறையும் அளவு மாறி, பதிவேடு முழுக்கக் குப்பையாகிவிடும். பதிவில் பெட்டி எண், அடுக்கு, ஆழம், பொருள் நான்கும் இருந்தாக வேண்டும். முடிவில் பெட்டியின் ஒரு பக்கச் சுவரை அப்படியே விட்டு, கிராஃப் தாளில் 1:5 அளவில் வரையச் சொல்லுங்கள். இரண்டு பாடவேளையைச் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்றில் முடியாது.

நாணயத்தில் 2015 என்று இருந்தால், செம்மண் அடுக்கு 2015க்கு முன் உருவாகியிருக்க முடியாது. பின்னால் எப்போது வேண்டுமானாலும் உருவாகியிருக்கலாம். கரூர், கோவைப் பகுதிகளில் கிடைக்கும் ரோமானிய நாணயங்களுக்கும் இதே விதிதான். அச்சடித்த ஆண்டு வேறு, மண்ணுக்குள் போன ஆண்டு வேறு.

முல்லைத்திணை:
மண்ணடுக்கு சார், குழி வெட்டும் யோசனை அருமை. கரித்துண்டையும் நெல்லையும் எதற்குப் போடச் சொன்னீர்கள் என்று புரியவில்லை. கார்பன் காலக்கணிப்புக்கா?

நொய்யல்கரை:
ஆமாம், அதற்குத்தான் இருக்கும். அதை ஒரு தனி வகுப்பாகவே எடுக்கலாம்.

கார்பன்-14 பாதியாகக் குறைய 5730 ஆண்டு ஆகும். 2600 ஆண்டு பழைய கரியில் சுமார் 73 விழுக்காடு மிஞ்சியிருக்கும். ஏறக்குறைய 50,000 ஆண்டுக்கு மேல் அளக்க எதுவும் மிஞ்சாது. எனவே அதிரம்பாக்கத்துக்கு கார்பன் கணிப்பு பயன்படாது. அங்கே புதைந்து கிடந்த கற்களில் காஸ்மிக் கதிர்களால் உண்டான பெரிலியம், அலுமினியம் அணுக்கள் எவ்வளவு சிதைந்திருக்கின்றன என்பதை அளந்தார்கள். கார்பன் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் என்ற எண்ணம் பிள்ளைகளிடம் மிகுதி, அதை இங்கேயே உடைத்துவிடலாம்.

கரி, நெல் இரண்டில் எது நம்பகமானது? நெல். அது ஒரே பருவத்தில் விளைந்தது. கரி நூறு ஆண்டு பழைய மரத்தின் வைரப் பகுதியிலிருந்து வந்திருந்தால், அடுப்பெரித்த நாளைவிட நூறு ஆண்டு முந்திய காலத்தைக் காட்டும். பழனிக்கு அருகே பொருந்தலில் ஈமச்சின்னத்தில் கிடைத்த நெல்லுக்கு பொ.ஆ.மு. 490 என்று கணிப்பு வந்தபோது அவ்வளவு கவனம் பெற்றதற்கு இதுவும் காரணம். அதே ஈமச்சின்னத்தில் தமிழி எழுத்துப் பொறித்த பானைத் தாங்கியும் இருந்தது.

கீழடியில் 353 செ.மீ. ஆழத்து மாதிரிக்கு பொ.ஆ.மு. 580, 200 செ.மீ. ஆழத்து மாதிரிக்கு பொ.ஆ.மு. 205. பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள்: 375 ஆண்டில் 153 செ.மீ., ஆண்டுக்கு ஏறத்தாழ 4 மி.மீ. மண். போட்டு முடித்ததும், "வெள்ளம் வந்த ஆண்டில்? ஊர் காலியான ஆண்டில்? இரண்டு மாதிரியும் ஒரே குழியில் எடுத்தவையா?" என்று கேளுங்கள். சராசரியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது தானே விளங்கும்.

இரும்பு பற்றி ஒரு எச்சரிக்கை. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறைக்கு பொ.ஆ.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் வந்த அறிக்கை தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் பொ.ஆ.மு. 3345 வரை போகிறது. பெருமையாகத்தான் இருக்கிறது, எனக்கும்தான். ஆனால் வகுப்பில் வெறும் எண்ணை எழுதாதீர்கள். ஊர், மாதிரி, முறை மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். கணிப்புக்கு உட்பட்டது கரி. இரும்பு அதோடு சேர்ந்து கிடந்தது. இரண்டும் ஒரே காலத்தில் அங்கே வந்தவை என்பதை அடுக்கு நிரூபிக்க வேண்டும். பேனா மூடிக் குழியைப் பார்த்த பிள்ளை இந்தக் கேள்வியைத் தானாகவே கேட்கும். அப்படிக் கேட்டால் தமிழ்ப்பற்று குறைந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பளி:
தமிழி எழுத்துக்கு ஒரு பாடவேளை போதும், முழு அட்டவணையைக் கொடுக்காமல் இருந்தால். 30 எழுத்தை ஒரே நாளில் தந்தால் ஒன்றும் நிற்காது. முதலில் எட்டு: க என்பது கூட்டல் குறி. ர ஒரு செங்குத்துக் கோடு. ந ஒரு கிடைக்கோட்டின் நடுவில் நிற்கும் செங்குத்துக் கோடு. ண மேலும் கீழும் கிடைக்கோடு போட்ட செங்குத்துக் கோடு. ட வலப்பக்கம் திறந்த அரைவட்டம். ய நங்கூரம். வ வட்டத்தின் தலையில் ஒரு கோடு. ப நம் இன்றைய ப போலவே, இடது கை மட்டும் நீளம்.

பிறகு உயிர்க்குறிகள். மேலே வலப்பக்கம் ஒரு சிறு கிடைக்கோடு போட்டால் ஆ, இடப்பக்கம் போட்டால் எ, இரண்டு பக்கமும் போட்டால் ஒ, அடியில் போட்டால் உ. கால், கொம்பு பழகிய பிள்ளைக்கு இது பத்து நிமிட வேலை.

எழுதத் தாள் வேண்டாம். உடைந்த பூந்தொட்டிச் சில்லும் கான்கிரீட் ஆணியும் கொடுங்கள், சில்லைத் துணியால் பிடிக்கச் சொல்லுங்கள். சுட்ட மண்ணில் நேர்கோடு எளிதில் விழும், வட்டம் வழுக்கும். பானையோட்டு எழுத்துகள் ஏன் கோணலாக இருக்கின்றன என்பது கைக்கே புரியும். கீழடி ஓடுகளில் உள்ள ஆதன், குவிரன் போன்ற பெயர்களை எழுதிய பிறகு தங்கள் பெயரை எழுதட்டும். ஹ, ஜ வரும் பெயர்களில் தடுமாறுவார்கள், அந்த ஒலியைத் தமிழாக்கி எழுதச் சொல்லுங்கள்.

முக்கியமான தவறு ஒன்று வரும். பழைய கல்வெட்டுகளில் மெய்க்கும் அகர உயிர்மெய்க்கும் எப்போதும் வேறுபாடு காட்டுவதில்லை. ஆகாரக் குறி போல இருப்பதை அகரமாகப் படிக்க வேண்டிய இடங்களும் உண்டு. அதனால் மதுரைக்கு அருகே உள்ள மாங்குளம் கல்வெட்டை முதலில் எடுக்காதீர்கள், குழம்பிப் போவார்கள். திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில் 1981இல் கண்டுபிடித்த ஒரே வரியை எடுங்கள்: "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பளி". அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த இருப்பிடம். அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழ, பாண்டிய, சேரரோடு சத்தியபுதரும் வருகிறார். அந்த நான்காவது அரசர் யார் என்று நெடுங்காலம் நடந்த விவாதத்துக்கு விடை தகடூர் அதியமான் என்று இந்த வரிதான் காட்டியது. புறநானூறு, அசோகர், ஜம்பைப் பாறை மூன்றும் ஒரே வகுப்பில் சேரும்.

நேரம் மிஞ்சினால் தேனி மாவட்டப் புலிமான்கோம்பை நடுகல். 2006இல் கிடைத்தது. "கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்." கூடல் ஊர் ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த தீயன் அந்தவனுக்கு நட்ட கல். ஆகோள் தொல்காப்பியம் வெட்சித் திணையில் சொல்லும் அதே சொல்.

முல்லைத்திணை:
மிக்க நன்றி. இலக்கியத்தை எந்த இடத்தில் கொண்டுவரலாம்? தமிழாசிரியரும் உதவுவதாகச் சொல்கிறார்.

நொய்யல்கரை:
பொருளுக்குப் பிறகு, டீச்சர். முதுமக்கள் தாழியின் படத்தைக் காட்டி விட்டுப் புறநானூறு 228, 256 இரண்டையும் படிக்கச் சொல்லுங்கள், இரண்டிலும் தாழி வனையும் குயவனை விளித்துப் பேசுகிறார்கள். ஆனால் "கீழடி 2600 ஆண்டு, ஆகவே சங்கப் பாடல்களும் 2600 ஆண்டு" என்று எழுதும் விடைக்கு மதிப்பெண் தராதீர்கள். ஊரின் காலம், பாடிய காலம், தொகுத்த காலம் மூன்றும் வேறு.

மண்ணடுக்கு:
ஒன்று விட்டுப்போனது. இந்த வகுப்புக்குப் பிறகு பிள்ளைகள் ஊர் மேட்டில் பானையோடு பொறுக்கிக்கொண்டு வருவார்கள், நிச்சயம் வருவார்கள். எடுக்காமல், இருந்த இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துவரச் சொல்லுங்கள். பள்ளிக்கூடப் பெட்டியில் சேர்ந்த ஓட்டுக்கு அடுக்கும் இல்லை, ஊரும் இல்லை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கல்வெட்டைப் பார்க்கப் போனால் எழுத்து தெரிவதற்காகச் சுண்ணாம்போ சாக்பீஸோ தேய்க்க விடாதீர்கள். காலை எட்டு மணிக்கு முன்னோ மாலை நான்கரைக்குப் பின்னோ சாய்வெயிலில் போனால் வெட்டு நிழலாகவே தெரியும். பாறை நிழலில் இருந்தால் ஒரு கண்ணாடியால் பக்கவாட்டில் வெளிச்சத்தைத் திருப்பினால் போதும்.