திருச்சி வெயிலில் எந்த ரோஜா நிற்கும்? ஏழு செடியில் நான்கு போய்விட்டது

உறையூர் மாடி:

வணக்கம். திருச்சி உறையூரில் இருக்கிறோம். மொட்டை மாடியில் காலை ஏழு மணிக்கு வரும் வெயில் மாலை ஐந்து வரை நகராது. கீழே காம்பவுண்ட் சுவரை ஒட்டிப் பன்னிரண்டடி நீளம், இரண்டடி அகலத்துக்கு வெறும் மண் தரை இருக்கிறது. கிழக்குப் பார்த்தது, மதியம் ஒரு மணிக்கு மேல் நிழல் விழுந்துவிடும்.

அம்மாவுக்குச் சாமிக்கு வைக்க வீட்டுப் பூ வேண்டும். பங்குனி கடைசியில் ஒரு நர்சரியில் ஏழு ரோஜா வாங்கினேன். எல்லாம் ஒட்டுச்செடி, எல்லாவற்றிலும் பூ இருந்தது. எட்டு அங்குலப் பிளாஸ்டிக் தொட்டியில் தென்னை நார்த்தூள் பாதி, மண்புழு உரம் பாதி போட்டு வைத்தேன். காலையும் மாலையும் தண்ணீர். இருந்த பூ உதிர்ந்த பிறகு ஒரு மொட்டுகூட வரவில்லை. நுனியிலிருந்து கறுத்துக் கீழே இறங்கி, நான்கு செடி குச்சியாகிவிட்டது.

மீதி மூன்றில் பட்டன் ரோஜா நன்றாக இருக்கிறது. மஞ்சள் ரோஜாவில் புது இலையெல்லாம் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. சிவப்பு ரோஜாவில் ஒரே ஒரு கிளை நான்கடி உயரம் போயிருக்கிறது, இலை அவ்வளவு செழிப்பு, பூ மட்டும் இல்லை. "இதாவது பிழைத்ததே" என்கிறார் அம்மா.

நர்சரியில் கேட்டால் தண்ணீர் அதிகம் என்கிறார்கள். பக்கத்து வீட்டில் கேட்டால் தண்ணீர் போதவில்லை என்கிறார்கள். அடுத்து என்ன வாங்குவது, எதை மாடியில் வைப்பது, எதைத் தரையில் வைப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் நாற்று:

ஓசூர் பக்கம் ஒரு நாற்றுப்பண்ணையில் பதினொரு வருடம் வேலை பார்த்தவன் நான். செத்த செடி ஒன்றைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து, நடுவில் இருக்கும் மண் உருண்டையை உடைத்துப் பாருங்கள். லாரியில் போகும்போது வேர் ஆடக்கூடாது என்பதற்காகப் பிசுபிசுப்பான செம்மண்ணில் பிடித்துத்தான் அனுப்புவோம். பயணத்துக்கு அது நல்லது, தொட்டிக்கு ஆகாது.

இன்னொன்று, ஓசூர் கிட்டத்தட்ட 3,000 அடி உயரம். அங்கே வளர்ந்த செடியைப் பங்குனி வெயிலில் மாடியில் வைத்தால் தாங்காது. வந்ததும் பத்து நாள் நிழலில் வையுங்கள், அப்புறம் ஒரு வாரம் காலை வெயில் மட்டும் காட்டுங்கள்.

வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள். அடிச்செடியும் மேலே ஒட்டிய ரகமும் சேரும் இடம்தான் ஒட்டு முடிச்சு. அதைத் தொட்டுப் பாருங்கள், ஆடாமல் கெட்டியாக இருக்க வேண்டும். அதற்கு மேலே இரண்டு மூன்று பச்சைக் கிளை வேண்டும். ஒரே குச்சியின் உச்சியில் ஒரு பெரிய பூவோடு நிற்பதை விட்டுவிடுங்கள். பொக்கேயில் வரும் தாஜ்மஹால் போன்ற நீளத்தண்டு ரகங்களையும் கேட்காதீர்கள். காதலர் தினத்துக்கு வெளிநாடு போவதற்கென்று பசுமைக்குடிலில் வளர்ப்பது அது.

உறையூர் மாடி:

உடைத்துப் பார்த்தேன் சார். சுற்றியுள்ள கலவை விரலில் ஒட்டும் அளவுக்கு ஈரம். நடுவில் சாத்துக்குடி அளவில் சிவப்பு உருண்டை. கையால் உடையவில்லை, படிக்கட்டில் தட்டினேன். உள்ளே செங்கல் பொடி மாதிரி காய்ந்து கிடக்கிறது. ஒரு வேர்கூட உருண்டையை விட்டு வெளியே வரவில்லை. மூன்று மாதம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

மதுரை மொட்டைமாடி:

தம்பி, அப்படியானால் நர்சரிக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் சொன்னது இரண்டுமே சரி. தொட்டிக்குத் தண்ணீர் அதிகம், செடிக்குத் தண்ணீர் இல்லை. காய்ந்த களி தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாது, ஊற்றியதெல்லாம் நார்த்தூள் வழியாகச் சுற்றிக்கொண்டு கீழே போயிருக்கும். அடுத்த முறை, நடுவதற்கு முன் அந்த உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். குமிழி வருவது நின்றதும் வெளிப்பக்கக் களியை விரலால் மெதுவாகக் கரைத்துவிடுங்கள். வேர் நுனி கொஞ்சம் வெளியே தெரிந்தால் போதும், முழுவதையும் கழுவ வேண்டாம்.

நான் மதுரையில் இருபத்தாறு வருடமாக ரோஜா வைத்திருக்கிறேன். இன்றைக்கு மாடியில் முப்பத்தொரு தொட்டி, வாசலில் ஐந்து செடி. உங்கள் சிவப்பு ரோஜாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது அவசரம். அந்த நான்கடிக் கிளை உங்கள் ரோஜா இல்லை. ஒட்டுக்குக் கீழே இருக்கும் வேர்ச்செடியிலிருந்து வந்த காட்டுத்தளிர். இலைக்காம்பில் ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுத்தளிர், ஐந்து இருந்தால் நல்லது என்று பலர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள், நல்ல ரகங்களிலும் ஏழு வரும். மண்ணை விலக்கி, கிளை எங்கே புறப்படுகிறது என்று பாருங்கள். முடிச்சுக்குக் கீழே என்றால் சந்தேகமே வேண்டாம். என்னிடம் இருந்த ஒரு கருஞ்சிவப்பு ரோஜாவில் இதே மாதிரி வந்த கிளைக்கு இரண்டு வருடம் உரம் வைத்தேன். பூ வரவே இல்லை. மேலே இருந்த ஒட்டு பட்டினி கிடந்து செத்தது. இன்றைக்கும் அந்தச் செடியை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கும்.

அதைக் கத்தரியால் வெட்டாதீர்கள், வெட்டினால் அடியில் உள்ள கண்களிலிருந்து நான்காகத் துளிர்க்கும். புறப்படும் இடத்தில் கட்டை விரலால் அழுத்திக் கீழ்நோக்கிப் பிய்த்து எடுங்கள். இனி நடும்போது ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலே இரண்டு விரல் தெரியும்படி நடுங்கள், எது எங்கிருந்து வருகிறது என்று தினமும் கண்ணில் படும்.

மஞ்சள் ரோஜாவுக்கு என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? போர் தண்ணீர் என்றுதான் நினைக்கிறேன். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்தால் உப்புதான். சுண்ணாம்பு அதிகமுள்ள தண்ணீரில் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அதனால்தான் புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. காவிரித் தண்ணீர் குழாயில் வரும் நாளில், அடியில் ஒழுகி ஓடும் வரை இரண்டு மூன்று முறை நிறைய ஊற்றிக் கழுவிவிடுங்கள். உரக்கடையில் செலேட்டட் இரும்பு, அதாவது செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவில் உள்ள இரும்பு, கிடைக்கும், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கலந்து சாயங்காலம் இலையில் தெளியுங்கள். ஆர்.ஓ. மெஷினில் வெளியேறும் கழிவுத் தண்ணீரை ரோஜாவுக்கு ஊற்றவே கூடாது. முட்டை ஓடும் வேண்டாம். எல்லோரும் போடுகிறார்கள், ஆனால் நம் தண்ணீரில் ஏற்கெனவே இருக்கும் சுண்ணாம்போடு இன்னும் சுண்ணாம்பைச் சேர்த்து என்ன பயன்?

சரி, என்ன வாங்குவது என்று கேட்டீர்கள். அம்மாவுக்குத் தினமும் பூ வேண்டுமென்றால் ஒட்டுச்செடி பக்கமே போகாதீர்கள், முதல் வருடமாவது. கீழே இருக்கும் அந்தத் தரைதான் உங்களுக்குப் பொக்கிஷம். காலை வெயில், மதிய நிழல் என்று அமைவது எல்லோருக்கும் வாய்க்காது, எனக்கு வாய்க்கவில்லை. அங்கே எட்வர்டு ரோஜா நடுங்கள். எங்கள் பூக்காரம்மா பன்னீர் ரோஜா என்று கூறு கட்டி விற்பது அதைத்தான். இந்தியப் பெருங்கடலில் இன்று ரீயூனியன் என்று சொல்லும் தீவுக்கு அப்போது பூர்போன் என்று பெயர். அங்கே வேலியாக வளர்ந்த ரோஜாக்கள் கலந்து உருவான குடும்பம் இது, வெயிலும் கடல் காற்றும் பழகியது. குச்சி வைத்தாலே வேர் பிடிக்கும், சொந்த வேரில் நிற்பதால் காட்டுத்தளிர் என்ற பேச்சே இல்லை. ஒரு குறை, காலையில் பறித்த பூ சாயங்காலம் இதழ் உதிர்க்கும், ஜாடியில் நிற்காது. சாமி படத்துக்கு அது போதும். வாசனைக்கு ஈடே கிடையாது. காலை ஆறரைக்கு அந்தப் பூவை உள்ளங்கையில் வைத்து முகர்ந்தால் அன்றைக்கு முழுவதும் கையில் இருக்கும்.

பன்னிரண்டடிக்கு நான்கு செடி, மூன்றடிக்கு ஒன்று. நெருக்கி நட்டால் காற்று போகாமல் நோய் வரும். சுவரிலிருந்து முடிந்த அளவு தள்ளி நடுங்கள், அஸ்திவாரத்தின் சிமெண்டும் சுண்ணாம்பும் அங்கே மண்ணில் இறங்கியிருக்கும். ஒன்றரை அடி ஆழ அகலத்தில் குழி எடுத்து, நன்றாக மட்கிய தொழுவுரமும் இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் கலந்து மூடி, ஒரு வாரம் ஆறவிட்டு நடுங்கள். வேறு நிறம் வேண்டுமென்றால் ஒரு செடி ஆந்திரா சிவப்பு வையுங்கள். வாசனை குறைவு, ஆனால் கொத்துக் கொத்தாகப் பூக்கும். ஓரத்தில் ஓரடி இடைவெளியில் பட்டன் ரோஜா வைத்தால் வரிசை நிறைந்துவிடும்.

மாடிக்கு இப்போது பட்டன் ரோஜா மட்டும் போதும். ஒட்டு ரகத்தில் ஆசை இருந்தால் மழைக்காலம் தொடங்கிய பின் வாங்குங்கள், பங்குனி சித்திரையில் வேண்டாம். பதினான்கு அங்குல மண் தொட்டியாக இருக்கட்டும், கறுப்புப் பையில் மதியம் வேர் வெந்துவிடும். செம்மண் இரண்டு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு, ஆற்று மணல் அரைப் பங்கு, நார்த்தூள் அரைப் பங்கு. நார்த்தூள் அதற்கு மேல் போனால், மேலே காய்ந்து அடியில் ஈரம் தேங்கி நம்மை ஏமாற்றும். தொட்டியின் மேல்மண்ணைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றாமல் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள்.

எந்த ஒட்டு ரகம் என்றால், வெள்ளையில் ஐஸ்பெர்க் என் மாடியில் பத்து வருடமாக இருக்கிறது. 1958இல் ஜெர்மனியில் உருவாக்கிய ரகம், ஆனால் மதுரை வெயிலைப் பொறுத்துக்கொள்கிறது, முள்ளும் மிகக் குறைவு. பீஸ் என்னும் மஞ்சள் ரோஜாவை ஊட்டி ரோஜாப் பூங்காவில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினேன். அங்கே இதழ் ஓரத்தில் ரோஜா நிறம் இறங்கியிருந்தது, என் மாடியில் சித்திரையில் வெளுத்த காகிதம் மாதிரி ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகப் பூத்தது. செடியின் மேல் குற்றம் இல்லை, நாம் வாங்கும் ரகங்களில் பாதிக்கு மேல் குளிர் நாட்டுக்காரர்கள் தங்கள் ஊருக்காக உருவாக்கியவை. கொடைக்கானலில் எம்.எஸ். வீரராகவன் அவர்களும் அவர் மனைவி கிரிஜாவும் இதை மாற்றுவதற்காகவே நம் நாட்டுக் காட்டு ரோஜாக்களைக் கலந்து வெப்பம் தாங்கும் ரகங்களை உருவாக்கினார்கள். அந்த உழைப்பு நர்சரி வாசல் வரை இன்னும் வந்து சேரவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஐப்பசியில் கவாத்து செய்ய மறக்காதீர்கள். ஒன்றரை அடி விட்டு, வெளிப்பக்கம் பார்த்த கண்ணுக்கு மேலே சாய்வாக வெட்டுங்கள்.

நாகர்கோவில் தோட்டம்:

அக்கா சொன்னதில் கடைசி ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. ஐப்பசி அடைமழையில் வெட்டினால் வெட்டிய இடம் காயாமல் நுனிக்கருகல் இறங்கும். தம்பியின் செடிகளில் இறங்கிய அதே கறுப்பு. இலை தொடர்ந்து ஏழு மணி நேரம் ஈரமாக இருந்தாலே கரும்புள்ளி நோயும் தொற்றிவிடும். எங்களுக்கு இரண்டு பருவமழையும் உண்டு, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கவாத்து செய்து ஏறத்தாழ நாற்பத்தைந்து நாளில் பூ வரும், நவம்பர் கடைசியில் வெட்டுங்கள், பொங்கலுக்குப் பூக்கும். வெட்டிய வாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சணக்கொல்லியைத் தண்ணீரில் குழைத்துத் தடவுங்கள். மழை நாட்களில் தொட்டிகளைச் சுவரோரம் ஒதுக்கிவிடுங்கள்.

மதுரை மொட்டைமாடி:

நியாயம்தான். என் மாடியில் இதுவரை ஐப்பசி ஒத்துவந்திருக்கிறது. திருச்சிக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். தம்பி, இவர் சொன்னபடியே செய்யுங்கள். வெட்டிய எட்வர்டு குச்சிகளை வீணாக்காமல், பென்சில் கனத்தில் இருப்பதை முக்கால் அடியாக நறுக்கி நிழலில் நட்டு வையுங்கள்.

உறையூர் மாடி:

அக்கா, சார், எல்லோருக்கும் நன்றி. போர் தண்ணீர்தான், விளிம்பில் வெள்ளையும் இருக்கிறது. சிவப்பு ரோஜாவில் மண்ணை விலக்கிப் பார்த்தேன், அந்தக் கிளை முடிச்சுக்கு மூன்று விரல் கீழேயிருந்து வருகிறது. பிய்த்து எடுத்துவிட்டேன். அம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை, பக்கத்தில் வந்து பார்த்துக்கொண்டே நின்றார். மேலே ஒட்டுக்கிளை என்று இருப்பது ஒரு சாண் உயரக் குச்சி மட்டும், இலை இரண்டே. அதன் பக்கவாட்டில் மிளகு அளவில் செக்கச்செவேலென்று ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறது. அது என்ன, ஏதாவது பூச்சியா? இப்போது உரம் வைக்கலாமா?

மதுரை மொட்டைமாடி:

பூச்சி இல்லை, முளை. உரம் வேண்டாம், அது ஒரு சாண் நீளம் ஆகும் வரை காவிரித் தண்ணீர் மட்டும். தொட்டியைக் கீழே அந்தக் கிழக்குச் சுவரோரம் கொண்டுபோய் வையுங்கள். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.