சம்மரில் அணைத்த கீசர் சூடாக மாட்டேன் என்கிறது

மடிப்பாக்கத்துக்காரன்: ஏப்ரல் வந்தால் கீசரைத் தொடமாட்டோம், மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கும். மார்கழி பிறந்ததும் அம்மாவுக்கு விடியற்காலையில் வெந்நீர் வேண்டும். சுவர் சுவிட்சில் விளக்கு எரிகிறது, கீசரில் எரியவில்லை. 15 லிட்டர், போர் தண்ணீர். எலக்ட்ரீஷியன் மூடியைக்கூடக் கழற்றாமல் "புதுசு வாங்கிடுங்க சார்" என்கிறார். வேறு வழி?

பழைய வயர்மேன்: அவரை விடுங்க தம்பி. கரண்டை நிறுத்த போர்டில் இருக்கும் எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டு அடிமூடியைக் கழற்றுங்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பக்கத்தில் சின்ன பட்டன் இருந்தால், அது கட்-அவுட், சூடு மீறினால் கரண்டை நிறுத்துவது. அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். மறுபடி விழுந்தால் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள், தெர்மோஸ்டாட்டை மாற்ற வேண்டியிருக்கும். வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்றெல்லாம் போய்த் தண்ணீர் சீராக விழுந்த பிறகே சுவிட்ச். காலி டேங்கில் கரண்ட் கொடுத்தால் தண்ணீரைச் சுடவைக்கும் காயில் கருகிவிடும்.

நங்கநல்லூர் மாமி: போர் தண்ணீராச்சே, காயிலைச் சுற்றி உப்பு முட்டை ஓடு மாதிரி படிந்திருக்கும். ஆள் வரும்போதே சுரண்டச் சொல்லுங்கோ. ஆர்சிசிபி, அதான் கரண்ட் கசிந்தால் தானே அணைகிற சுவிட்ச், விழுந்தால் காயிலில் கரண்ட் லீக் இருக்கலாம், குளிக்கவே வேண்டாம்.

மடிப்பாக்கத்துக்காரன்: 'டிக்' கேட்டது அண்ணே! கீசரில் விளக்கு வந்துவிட்டது, தண்ணீரும் சுடுகிறது. மாமி, உப்பெடுக்க ஞாயிற்றுக்கிழமை வேறு ஆளை வரச்சொல்லியிருக்கிறேன்.