அலங்காரப் புல்லை வருடா வருடம் வெட்டத்தான் வேண்டுமா?

மண்வெட்டி:
"வாசலில் அலங்காரப் புல்லை நட்டுவிட்டால் போதும், அப்புறம் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்க வேண்டாம்" என்று கொல்லைக்காரி நேற்று எழுதியதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. இதை நம்பிப் புதிதாக நடுகிறவர்கள் பாவம். வருடம் ஒரு முறை, புதுத்துளிர் கிளம்பும் முன், தரையிலிருந்து அரைச் சாண் விட்டு மொத்தத் தூரையும் வெட்டியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பழைய தாள் உள்ளேயே காய்ந்து அடைந்து, புதுக்குருத்துக்கு வெளிச்சமே போகாது. பவுண்டன் கிராஸ், மிஸ்காந்தஸ் என்று அலங்காரப் புல் எல்லாவற்றுக்கும் இதுதான்.

கொல்லைக்காரி:
என் பெயரை இழுக்காமல் உங்களுக்கு எழுதவே வராதா சார்? என் வாசலில் புல் வருடக்கணக்காக நிற்கிறது, அரிவாள் பட்டதே இல்லை. காட்டில் யார் போய் வெட்டுகிறார்கள்?

மண்வெட்டி:
காட்டில் மான் மேய்கிறது, மாடு மேய்கிறது, அவ்வப்போது தீ வைத்தாற்போல் எரிந்து புதிதாகத் துளிர்க்கிறது. உங்கள் வாசலில் மான் மேய்கிறதா? வெட்டாத புல்லின் தூரை விரித்துப் பாருங்கள், நடுவில் வெறும் சக்கை, ஓரத்தில் மட்டும் வளையமாகப் பச்சை இருக்கும். அரைச் சாண் விட்டு வெட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன், உயிரையா கேட்கிறேன்?

நிழல்தாங்கல்:
நடுத்தூர் சாவதற்கும் வெட்டுவதற்கும் என்ன சம்பந்தம்? தூருக்கு வயதானால் நடு செத்துத்தான் போகும். தோண்டி எடுத்து, ஓரத்தில் உயிரோடு இருப்பதைப் பிரித்து நட வேண்டும். வருடா வருடம் வெட்டினாலும் அது நடக்கும்.

மண்வெட்டி:
பிரித்து நடுவது வேறு பேச்சு, அதை யார் கேட்டார்கள்? வெட்ட வேண்டுமா வேண்டாமா, அதைச் சொல்லுங்கள். வெட்ட வேண்டும்.

கொல்லைக்காரி:
"எல்லாவற்றுக்கும் இதுதான்" என்றீர்களே, ப்ளூ ஃபெஸ்க்யூவை அப்படி ஒட்ட வெட்டினால் மீண்டு வரவே திணறும். காய்ந்த இழையை விரலால் கோதி எடுத்தாலே அதற்குப் போதும். இது தெரியாமலா இத்தனை அதிகாரமாகப் பேசுகிறீர்கள்?

மண்வெட்டி:
ஒரு குட்டிப் புல்லைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். ஆள் உயரப் புல்லைப் பற்றித்தான் பேச்சு. கோதுவதும் வேலைதானே, திரும்பியே பார்க்க வேண்டாம் என்றது யார்?

அவரைப்பந்தல்:
ஏன் இந்தச் சண்டை? மோண்டோ கிராஸ் வையுங்கள். வெட்டவும் வேண்டாம், கோதவும் வேண்டாம்.

மண்வெட்டி:
அது புல்லே இல்லை தம்பி. தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பம். புல் எது என்றே தெரியாதவர்கள் எல்லாம் புல்லுக்கு யோசனை சொன்னால் இப்படித்தான் ஆகும்.

அவரைப்பந்தல்:
குடும்பம் என்னவானால் எனக்கென்ன? வாசலில் பச்சையாக இருக்கிறது. போன முறை மூடாக்கு விஷயத்திலும், அதுதான் செடியடி மண்ணைச் சருகால் மூடும் பேச்சிலும், இப்படித்தான் என்னை மட்டம் தட்டினீர்கள். தண்டை ஒட்டி மூடாக்கைக் குவிக்காதீர்கள், அழுகும் என்று நான் சொன்னபோது சிரித்தீர்கள், அடுத்த வாரமே அதையே உங்கள் கண்டுபிடிப்பு மாதிரி எழுதினீர்கள். மறந்துவிடுவேன் என்று நினைக்காதீர்கள்.

நிழல்தாங்கல்:
எனக்கும் அது ஞாபகம் இருக்கிறது. அதை விடுங்கள், பவுண்டன் கிராஸை யாருக்கும் சொல்லாதீர்கள் சார். ஹவாயில் அழகுக்காகக் கொண்டுபோய் நட்டார்கள், இன்று எரிமலைப் பாறை நிலமெல்லாம் பரவிக் காட்டுத்தீக்கு விறகாகக் கிடக்கிறது. காற்றிலேயே விதை போய்விடும். கரையைப் பிடித்து நிற்க ஒன்று வேண்டுமென்றால் வெட்டிவேர் இருக்கிறது, வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேரே கீழே 3 மீட்டர் வரை இறங்கும். வெட்டிவேரின் தோட்டத்து ரகங்களைத் தூர் பிரித்துத்தான் நட முடியும், விதையால் பரவாது.

மண்வெட்டி:
பவுண்டன் கிராஸில் சிவப்பு இலை ரகம் பெரும்பாலும் முளைக்கிற விதையே கட்டாது, அதைத்தான் சொன்னேன்.

நிழல்தாங்கல்:
எங்கே சொன்னீர்கள்? மேலே போய்ப் படித்தேன், சிவப்பு என்ற சொல்லே இல்லை.

மண்வெட்டி:
தெரிந்தவர்களுக்குப் புரியும். வெட்டிவேரையும் வெட்டத்தான் வேண்டும், பெயரிலேயே இருக்கிறது என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள், தாள் சாயும் என்பதற்காகச் சொல்கிறேன். வெட்டத் தெரியாமல்தான் பயப்படுகிறீர்கள். தூரை இடுப்பளவில் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு, கட்டுக்குக் கீழே அறுத்தால் மொத்தமும் ஒரே கட்டாகக் கையோடு வந்துவிடும், வாசலெங்கும் சருகு பறக்காது. கையுறை போடுங்கள், பம்பாஸ் புல்லின் ஓரம் ரம்பம்தான், கையைக் கிழித்துவிடும்.

கொல்லைக்காரி:
கயிறு, அரிவாள், கையுறை, அப்புறம் கட்டைத் தூக்கிப்போட ஓர் ஆள். இதற்குப் பெயர் பராமரிப்பு குறைந்த தோட்டமா? என் புல் வெட்டாமலேதான் நிற்கிறது, வேண்டுமானால் படம் போடுகிறேன்.

மண்வெட்டி:
போடுங்கள். மேலே பூத்து ஆடுகிற கதிரை எடுக்காதீர்கள், தூரை விரித்து நடுவில் எடுத்துப் போடுங்கள்.

கொல்லைக்காரி:
முதலில் நீங்கள் உங்கள் வாசல் படத்தைப் போடுங்கள் சார். இத்தனை நாளில் ஒன்றுகூடப் போட்டதில்லை.

மண்வெட்டி:
வெட்டி இப்போதுதான் துளிர்க்கிறது, அதில் என்ன பார்க்கப் போகிறீர்கள்? அரைச் சாண், புதுத்துளிருக்கு முன். எத்தனை பேர் வந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

அவரைப்பந்தல்:
மூடாக்குக்கு இன்னும் பதில் வரவில்லை.