வெளியூர் மைதானம், உள்ளூர் அம்பயர்: ஹைஸ்கூல் பேஸ்பாலில் சாய்வு எங்கே இருக்கிறது?

எடிசன்_அப்பா (கேள்வி)

நியூ ஜெர்சியில் பையன் வார்சிட்டி (பள்ளியின் முதல்நிலை) டீமில் செகண்ட் பேஸ் ஆடுகிறான். வெளியூர் மேட்ச் என்றாலே பெற்றோர் வரிசையில் ஒரே புலம்பல்தான்: "அம்பயர் அவங்க ஆளு." தோற்ற மேட்சில் இது இன்னும் சத்தமாகக் கேட்கிறது என்பதும் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

அம்பயரை யார் நியமிக்கிறார்கள், பணம் யார் கொடுக்கிறார்கள்? ஸ்ட்ரைக் ஜோன் (பேட்டர் அடிக்காமல் விட்டாலும் பந்து அவருக்கு எதிராக ஸ்ட்ரைக் என்று எண்ணப்படும் பகுதி) உண்மையிலேயே உள்ளூர் டீம் பக்கம் சாய்கிறதா, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? விதிப்படி நம் கோச் என்ன கேட்கலாம், எதைக் கேட்டால் வெளியேற்றுவார்கள்? கிரிக்கெட்டில் 1994-இல் டெஸ்டுக்கு ஒரு நடுநிலை அம்பயரும் 2002-இல் இரண்டு பேருமே நடுநிலையும் என்று ஆக்கினார்கள். இங்கே ஏன் அப்படி ஒன்றும் இல்லை?

"எல்லாம் பிரமை", "எல்லாரும் திருடங்க" ரெண்டு பதிலும் வேண்டாம். விதி எண் இருந்தால் போடுங்கள்.

பிளேட்டுக்குப்_பின்னால்

நியமனத்திலிருந்து தொடங்குகிறேன். உள்ளூர் கோச் போன் போட்டு ஆள் கூப்பிடுவதில்லை. அம்பயர்கள் வட்டாரச் சங்கத்தில் பதிவு செய்திருப்பார்கள். லீக்கின் அசைனர் ஒருவர் மேட்ச்களைப் பிரித்துக் கொடுப்பார், பெரும்பாலும் ஆர்பிட்டர் என்ற மென்பொருள் வழியாக. மகன் படிக்கும் பள்ளி, தான் வேலை பார்க்கும் பள்ளி போன்றவற்றை அம்பயரே அதில் தனக்கு மேட்ச் வராதபடி அடைத்து வைக்கலாம். அடைக்காமல் விட்டால் அது கேட்கத் தகுந்த புகார். சம்பளத்தைப் பெரும்பாலும் மேட்ச் நடத்தும் பள்ளி கொடுக்கிறது. ஆனால் தொகை முன்கூட்டியே நிர்ணயித்தது, யார் ஜெயித்தாலும் மாறாது.

உண்மையான சாய்வு வேறு இடத்தில் இருக்கிறது: பழக்கம். மாலை 4 மணிக்கு வட்டாரம் முழுக்க ஒரே நேரத்தில் மேட்ச் தொடங்கும். வேலையை விட்டுக் கிளம்பி வருகிறவரைப் பக்கத்து ஊருக்குத்தான் அனுப்ப முடியும். அவர் உள்ளூர் கோச்சை ஒரு சீசனில் நாலைந்து தடவை பார்ப்பார், உங்கள் கோச்சை ஒரு தடவை. பெயர் சொல்லிக் கூப்பிடுவது, கை குலுக்குவது எல்லாம் அதனால் வருவது. அதைப் பார்த்து "செட்டிங்" என்று முடிவு கட்டுவது அவசரம். ஆனால் ஒரு தீர்ப்பு சந்தேகமாக இருக்கும்போது பழகிய குரல் கேட்டால் காது அந்தப் பக்கம் போகும் என்பதை மறுக்கவும் மாட்டேன். கிரிக்கெட் மாதிரி ஆக்க ஆள் வேண்டும். 2018-19 சீசனுக்குப் பிறகு எல்லா விளையாட்டிலும் சேர்த்து சுமார் 50,000 பேர் விலகியதாகப் பள்ளி விளையாட்டுகளுக்கு விதி எழுதும் தேசியக் கூட்டமைப்பே, அதாவது என்.எஃப்.எச்.எஸ்., சொன்னது. இருக்கிற ஆளை வைத்து மேட்ச் நடந்தால் போதும் என்பதுதான் பல வட்டாரங்களின் நிலை.

அடுத்தது கோணம். பெற்றோர் "திருட்டு" என்று கத்தும் தீர்ப்புகளில் பாதிக்கு மேல் இதில்தான் அடங்கும். டிவியில் நான்கு அம்பயர், இங்கே இரண்டு. பேஸில் யாரும் இல்லை என்றால் பேஸ் அம்பயர் ஃபர்ஸ்ட் பேஸ்மேனுக்கு 10-12 அடி பின்னால், ஃபவுல் பக்கம் நிற்பார். இது ஏ நிலை. ஃபர்ஸ்டில் ஆள் வந்ததும் பிட்சர் மேட்டுக்கும் செகண்டுக்கும் நடுவே, ஃபர்ஸ்ட் பக்கமாக உள்ளே வருவார். இது பி. செகண்டிலோ தேர்டிலோ மட்டும் ஆள் இருந்தால் அதே நடுப்பகுதியில் தேர்ட் பக்கம். இது சி. சி-யில் நிற்கும்போது ஷார்ட்ஸ்டாப் எறிந்து ஃபர்ஸ்டில் அவுட்டா சேஃபா என்று கேட்டால், எவ்வளவு திறமை இருந்தாலும் தூரமும் கோணமும் எதிரி. ஃபர்ஸ்ட் பேஸ்மேனின் கால் பேஸிலிருந்து நான்கு அங்குலம் விலகியிருந்தால் அங்கிருந்து தெரியவே தெரியாது. ஃபர்ஸ்ட் பக்க பெஞ்சில் இருக்கிறவருக்குப் பளிச்சென்று தெரியும். அவர் கத்துவார், அம்பயர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். உடனே "பாத்தியா!"

வார்சிட்டிக்குக் கீழுள்ள ஜே.வி., ஃப்ரெஷ்மேன் மேட்ச்களில் பல நாள் ஒரே அம்பயர்தான். அங்கே செகண்டில் நடக்கும் ஸ்டீலை (பிட்சர் எறியும்போதே அடுத்த பேஸுக்கு ஓடுவது) பிளேட்டுக்குப் பின்னாலிருந்து ஊகிக்கத்தான் முடியும்.

ஸ்ட்ரைக் ஜோனுக்கும் இதே கதை. பிளேட் அகலம் 17 அங்குலம், பந்து கிட்டத்தட்ட 3. பந்தின் விளிம்பு பட்டாலே ஸ்ட்ரைக் என்பதால் பார்க்க வேண்டிய அகலம் ஏறக்குறைய 23 அங்குலம். அம்பயர் பேட்டருக்கும் கேட்சருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில், உள்பக்கம் நிற்கிறார். ஆக வெளிப்பக்கத்துக் கீழ் மூலைதான் அவர் கண்ணுக்கு எப்போதும் தூரம். அந்தப் பந்தைக் கேட்சர் அசங்காமல் பிடித்தால் ஸ்ட்ரைக் கிடைக்கும், கையை வீசிப் பிடித்தால் கிடைக்காது. நல்ல கேட்சர் உள்ள டீமுக்குச் சாதகமாகத் தெரிவது இதனால்தான். அந்த டீம் உள்ளூராக இருந்தால் பழி வேறு பெயரில் வரும்.

சராசரி_கணக்கு

மேலே சொன்னதோடு சண்டை இல்லை, ஆனால் சாய்வே இல்லை என்ற தொனி வந்துவிடக் கூடாது. மேஜர் லீகில் (தொழில்முறை பேஸ்பால்) நீண்ட காலமாக உள்ளூர் டீம் சுமார் 54 சதவீத மேட்ச்களை ஜெயிக்கிறது. கடைசி பேட்டிங், பயணக் களைப்பு, மைதானப் பழக்கம் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. கூட்டம் நடுவரைப் பாதிக்கிறதா என்பதற்குத் தெளிவான சான்று ஃபுட்பாலில் (சாக்கர்) கிடைத்தது. 2007-இல் இத்தாலியில் சில மேட்ச்கள் பூட்டிய கேட்டுக்குள் நடந்தபோதும், 2020-இல் ஐரோப்பா முழுக்கக் காலி அரங்கில் ஆடியபோதும், வெளியூர் டீமுக்கு நடுவர் கொடுக்கும் தண்டனை ஒப்பீட்டில் குறைந்தது. சத்தம் வேலை செய்கிறது, அதுவும் இரண்டுங்கெட்டான் தீர்ப்புகளில்.

பேஸ்பாலில் கவுன்ட்டையும் (முதல் எண் ஜோனுக்கு வெளியே போன பால், இரண்டாவது ஸ்ட்ரைக்) சேர்த்துப் பார்க்க வேண்டும். மேஜர் லீக் தரவில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம்: 3-0 என்றால் ஜோன் விரியும், 0-2 என்றால் சுருங்கும். உங்கள் பிட்சர் அடிக்கடி 0-2-க்குப் போகிறவர், எதிரணிப் பிட்சர் அடிக்கடி 3-0-க்குப் போகிறவர் என்றால், அம்பயர் யாருக்கும் சாயாமலே உங்களுக்கு நஷ்டம். ஒப்பிட்டால் ஒரே கவுன்ட்டை ஒரே கவுன்ட்டோடு ஒப்பிடுங்கள்.

ஒரு மேட்சை வைத்துத் தீர்ப்பு சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. பேட்டர் வீசாமல் விட்ட பந்துகளில், இப்படியும் அப்படியும் சொல்லலாம் என்ற விளிம்புப் பந்துகள் ஒரு டீமுக்கு 12 என்று வைத்துக்கொள்வோம். அம்பயர் முழு நேர்மையானவர், ஒவ்வொன்றுக்கும் ஸ்ட்ரைக் வாய்ப்பு சரிபாதி. அப்போதும் இரண்டு டீமுக்கும் இடையே 3 அல்லது அதற்கு மேல் வித்தியாசம் வர 31 சதவீத வாய்ப்பு. 4 அல்லது அதற்கு மேல் 15 சதவீதம். 5 அல்லது அதற்கு மேல்கூட 6 சதவீதம், அதாவது பதினாறு மேட்சில் ஒன்று. "நமக்கு ஐந்து ஸ்ட்ரைக் போச்சு" என்பது வெறும் அதிர்ஷ்டத்திலேயே சீசனுக்கு ஒரு தடவை நடக்கும்.

விளிம்புப் பந்துகளில் உள்ளூர் பேட்டருக்கு 45 சதவீதம், வெளியூர் பேட்டருக்கு 55 சதவீதம் ஸ்ட்ரைக் என்று 10 புள்ளி சாய்வு நிஜமாகவே இருந்தாலும், அதை ஓரளவு நம்பிக்கையோடு பிடிக்க ஒவ்வொரு பக்கமும் சுமார் 400 விளிம்புப் பந்து வேண்டும். மேட்சுக்கு 12 என்றால் 33 மேட்ச், அதுவும் ஒரே அம்பயரிடம். ஒரு சீசனில் முடியாது. லீக் அளவில் எல்லா டீமும் சேர்ந்து குறித்தால் முடியும்.

வீடியோ எடுப்பதானால் பேக்ஸ்டாப்புக்கு (பிளேட்டுக்குப் பின்னாலுள்ள தடுப்பு வலை) நேர் பின்னால், பிளேட்டின் நடுக்கோட்டில் ஸ்டாண்ட் போட்டு எடுங்கள். டக்அவுட் பக்கத்திலிருந்து எடுத்ததில் பந்தின் உயரம் ஓரளவு தெரியும், உள்ளே வெளியே சுத்தமாகத் தெரியாது. அந்தக் கிளிப்பை வாட்ஸப்பில் சுற்ற விடுவதால் பிரயோஜனம் இல்லை.

மூன்றாம்_தளம்

கோச் பக்கத்திலிருந்து. உள்ளூருக்கு விதியே கொடுக்கும் சலுகைகள் சில உண்டு, அவற்றை முதல் பந்துக்கு முன்பே சமாளிக்கலாம்.

மேட்ச் தொடங்கும் வரை மைதானம் ஆடத் தகுந்ததா என்று முடிவு செய்வது உள்ளூர் கோச், தொடங்கிய பிறகு தலைமை அம்பயர் (என்.எஃப்.எச்.எஸ். விதி 4-1-1). மழை நாளில் பஸ் கிளம்புமுன் போன் போடுங்கள். கிரவுண்ட் ரூலை (அந்த மைதானத்துக்கான தனி விதி) உள்ளூர் கோச் முன்மொழிவார். உங்கள் கோச் ஒப்புக்கொண்டால் அது அமல், ஒப்புக்கொள்ளாவிட்டால் அம்பயர்கள் வகுப்பார்கள் (4-1-2). ஆகவே மேட்சுக்கு முன் அம்பயர்களோடு பேசும் கூட்டத்துக்கு முன்பே வேலியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட வேண்டும். வேலிக்கு அடியில் இடைவெளி, திறந்த கேட், ஆடுகளத்துக்குள்ளேயே இருக்கும் புல்பென் (பிட்சர்கள் எறிந்து பழகும் இடம்), டக்அவுட் வாசலில் டெட் பால் கோடு (தாண்டினால் ஆட்டம் நிற்கும் கோடு) எங்கே, மைதானத்துக்குள் நீளும் கிளை. ஒவ்வொன்றுக்கும் "பந்து இங்கே போனால் எத்தனை பேஸ்?" என்று எல்லார் முன்னிலும் கேளுங்கள். ஐந்தாவது இன்னிங்ஸில் கேட்டால் அது வாக்குவாதம்.

டேப் எடுத்துப் போங்கள். பல மைதானங்களில் சின்னப் பையன்களுக்கான பேஸ் குழிகளும் இருக்கும், தவறான குழியில் பேஸைச் செருகியிருப்பார்கள். பேஸ் 90 அடி. பிளேட்டின் பின்முனையிலிருந்து செகண்டின் நடுவுக்கு 127 அடி 3⅜ அங்குலம். பிட்சர் பலகையின் முன்விளிம்பு 60 அடி 6 அங்குலம். மேடு 10 அங்குலம்.

ஸ்கோர்புக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தலைமை அம்பயர் வேறு சொல்லாவிட்டால் உள்ளூர் டீமின் புத்தகமே அதிகாரபூர்வம். 2017 முதல் எல்லா மாநிலமும் பிட்ச் எண்ணிக்கை வரம்பு வைத்திருக்க வேண்டும் என்பதால், அந்தப் புத்தகத்தில் ஒரு எண் தவறினால் உங்கள் பிட்சர் அடுத்த மேட்சில் உட்கார வேண்டியிருக்கும். உங்கள் ஸ்கோரர் ஒவ்வொரு அரை இன்னிங்ஸ் முடிந்ததும் எதிர்ப்பக்க ஸ்கோரரிடம் போய் எண்ணை ஒப்பிட வேண்டும். இரண்டு வித்தியாசம் என்றால் அங்கேயே பேசித் தீருங்கள், இருபது பந்து கழித்து எதுவும் தீராது.

மேட்சில் தலைமை கோச் மட்டும் பேசட்டும். டைம் கேட்டு, தீர்ப்பு சொன்ன அம்பயரிடமே போக வேண்டும். அவரை விட்டுவிட்டு அவர் கூட்டாளியிடம் போனால் கதவு மூடிவிடும். கேட்க வேண்டியது: "நீங்க எதைப் பார்த்தீங்க? கூட்டாளிகிட்ட ஒரு தடவை கேக்க முடியுமா?" கால் விலகியது, டேக் போடும்போது பந்து நழுவியது, பேட்டை வீசினாரா நிறுத்தினாரா, பந்து பேட்டரின் காலில் பட்டதா, வேலியைத் தாண்டியதா துள்ளிப் போனதா என்பதற்கெல்லாம் இன்னொருவர் தகவல் வைத்திருக்கலாம். அவுட்டா சேஃபா போன்ற கணிப்புத் தீர்ப்பு இறுதியானது, விதியை மீறிய தீர்ப்பை மட்டும் திருத்தக் கேட்கலாம் (10-1-4). தீர்ப்பு மாறியதால் ஒரு டீம் பாதிக்கப்பட்டால் ஓடுபவர்களைச் சரியான பேஸில் வைக்கவும் அதிகாரம் உண்டு (10-2-3). பால்-ஸ்ட்ரைக்குக்காக வெளியே வரவே வராதீர்கள், எச்சரிக்கையில் தொடங்கி வெளியேற்றம் வரை போகும். கேட்சர் தலையைத் திருப்பாமல் "அது கீழேயா, வெளியேயா சார்?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்கும். ஜோன் எங்கே இருக்கிறது என்று இரண்டாவது இன்னிங்ஸுக்குள் தெரிந்துகொண்டு அதற்கேற்ப பிட்ச் கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொன்று. டிவி விதி இங்கே செல்லாது. பாக் (பேஸில் ஆள் இருக்கும்போது பிட்சர் செய்யும் விதிமீறல் அசைவு) என்றால் மேஜர் லீகில் ஆட்டம் தொடரலாம், ஹைஸ்கூலில் அந்த நொடியே பந்து செத்துவிடும், அதில் அடித்த ஹோம் ரன்னும் போகும். ஃபோர்ஸ் பிளேயில் (ஓடுபவர் அடுத்த பேஸுக்குப் போயே ஆக வேண்டிய ஆட்டம்) ஃபீல்டரை நோக்கிச் சறுக்கினால் ஓடுபவரோடு பேட்டரும் அவுட் (8-4-2). ஓடுபவரை மறித்தால் குறைந்தது ஒரு பேஸ் கட்டாயம் (8-3-2). இவை நமக்கு எதிராக வரும்போதெல்லாம் "கொள்ளை" என்று சத்தம் வருகிறது, புத்தகத்தைத் திறந்து பார்த்தால் அம்பயர் சரி.

எடிசன்_அப்பா

தெளிவாச்சு. ரெண்டு சின்னக் கேள்வி. விதியையே தப்பாகச் சொன்னால் புரோடெஸ்ட் பண்ணலாமா? போனில் இருக்கும் வீடியோவைக் காட்டலாமா?

பிளேட்டுக்குப்_பின்னால்

புரோடெஸ்ட்டை அனுமதிப்பதா என்பது மாநிலச் சங்கத்தின் விருப்பம் (4-5), சீசனுக்கு முன்பே உங்கள் அத்லெடிக் டைரக்டரிடம் கேட்டு வையுங்கள். அனுமதி உள்ள இடத்திலும் விதியைத் தவறாகப் பிரயோகித்ததற்கு மட்டும்தான், அவுட்-சேஃபுக்கு இல்லை. அடுத்த பந்து வீசுமுன் அம்பயரிடம் சொல்லிவிட வேண்டும். மேட்ச் அந்தத் தீர்ப்போடு முடிந்துவிட்டால் அம்பயர்கள் மைதானத்தை விட்டுப் போகுமுன். ஒரு பந்து போய்விட்டால் முடிந்தது.

போன் வீடியோவை வலைக்கு அருகே நீட்டாதீர்கள். வழக்கமான சீசன் மேட்சில் அதைப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. புகார் என்றால் ஒரு நாள் பொறுத்து, டைரக்டர் வழியாக அசைனருக்கு: தேதி, இன்னிங்ஸ், கவுன்ட், யார் எந்த பேஸில், அம்பயர் சொன்ன வார்த்தை, விதி எண். அரைப் பக்கம் போதும். "ஓரவஞ்சனை" என்ற சொல்லை எழுதாதீர்கள், படிப்பவர் அங்கேயே நிறுத்திவிடுவார்.

சராசரி_கணக்கு

பெற்றோர் சங்கத்திடம் காசு இருந்தால், போட்டி பலமான மேட்ச்களுக்கு மூன்றாவது அம்பயர் கேளுங்கள். இரண்டு பள்ளியின் டைரக்டர்களும் சேர்ந்து இரண்டு வாரம் முன்பே அசைனரிடம் கேட்டால் கிடைக்க வாய்ப்புண்டு, கூடுதல் சம்பளத்தைப் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம். ஒருவர் ஃபர்ஸ்ட் லைனிலும் ஒருவர் தேர்ட் லைனிலும் தொடங்குவதால், உள்ளே போக வேண்டி வந்தாலும் ஒருவர் போனால் போதும். மேலே சொன்ன சி நிலைத் தொல்லையில் பெரும்பகுதி அதோடு குறையும்.