‘பேட்டட் ப்ரெத்’: இந்தப் பெயரடை குறிப்பது பணிவையா, பதற்றத்தையா?

நாடகவாசகி (கேள்வி)

ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்தில் முதல் அங்கத்தின் மூன்றாம் காட்சியை ஒரு வாசிப்புக் குழுவுக்காகத் தமிழாக்கி வருகிறேன். மூவாயிரம் டூக்காட் கடன் கேட்டு வந்திருக்கும் அன்டோனியோவிடம் ஷைலாக் பேசும் நீண்ட பேச்சில் ‘பேட்டட் ப்ரெத்’ என்ற தொடர் வருகிறது. முடிவு என்ன ஆகுமோ என்று ஆவலும் பதற்றமுமாகக் காத்திருப்பதையே இன்றைய ஆங்கிலத்தில் இத்தொடர் குறிக்கிறது என்பதால், முதல் வரைவில் ‘மூச்சைப் பிடித்துக்கொண்டு’ என்று எழுதினேன். ஆனால் ஷைலாக் அந்த இடத்தில் எதற்காகவும் காத்திருக்கவில்லை. தன்னை அவமதித்தவனே தன்னிடம் உதவி கேட்டு வந்து நிற்கும்போது, எந்த முறையில் விடை சொல்ல வேண்டும் என்று அவனையே திருப்பிக் கேட்கிறான். ‘பேட்டட்’ என்ற பெயரடையின் வரலாறு என்ன, அங்கே அதற்கு என்ன பொருள்? தூண்டில் இரையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுபோலச் சிலர் இதை வேறு எழுத்துக்கூட்டலில் எழுதுகிறார்களே, அது சரிதானா?

சொல்வேர்

இச்சொல்லின் வேர் ‘அடித்தல்’ என்ற பொருளில் இருக்கிறது. லத்தீனில் அடிப்பதைக் குறித்த ‘பட்டுவேரே’ என்ற வினையின் வழியில், பழைய பிரெஞ்சில் ‘அடித்துக் கீழே தள்ளு’ என்ற பொருளோடு ‘அபத்ர்’ என்ற சொல் உருவானது. அது ஆங்கிலத்துக்குள் நுழைந்து, தணிதல், குறைதல் என்று பொருள்படும் ‘அபேட்’ ஆயிற்று. அதன் முதல் அசை உதிர்ந்துபோன வடிவமே ‘பேட்’. போரைக் குறிக்கும் ‘பேட்டில்’, விவாதத்தைக் குறிக்கும் ‘டிபேட்’, விலையில் கழித்துக் கொடுப்பதைக் குறிக்கும் ‘ரிபேட்’ ஆகிய மூன்றுக்கும் இதே லத்தீன் வேர்தான்.

ஷேக்ஸ்பியர் காலத்தில் இந்த வினை தனியாகவும் நன்றாகவே நடமாடியது. ‘நான்காம் ஹென்றி’ முதல் பாகத்தில், பருத்த உடலுடைய ஃபால்ஸ்டாஃப் தான் மெலிந்து குறைந்துபோய்விட்டதாகப் புலம்பும்போது பயன்படுத்துவது இதே வினைதான். ‘ஹாம்லெட்’ நாடகத்தில், வாள்பயிற்சிக்கென்று முனை மழுக்காத வாள் ஒன்றைச் சூழ்ச்சியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று மன்னன் கிளாடியஸ் லாயர்டீஸுக்குச் சொல்லுமிடத்தில், ‘மழுக்காத’ என்பதற்கு வரும் சொல் ‘அன்பேட்டட்’. உடல் மெலிவதும் வாள்முனை மழுங்குவதும் மூச்சு தணிவதும் ஒரே வினைக்குள் அடங்கியிருந்த காலம் அது. பின்னாளில் ‘பேட்’ வழக்கொழிந்தது. ‘அபேட்’ மட்டும் புயல், காய்ச்சல், சினம் போன்றவை தணிவதைச் சொல்ல நிலைத்தது. பழைய வடிவத்தின் எச்சமான ‘பேட்டட்’ இன்று மூச்சைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் மட்டுமே வருகிறது. ஆகவே உங்கள் வரிக்கு ‘தணிந்த மூச்சு’, ‘தாழ்ந்த மூச்சு’ என்பவையே நேர்ப்பொருள். பிடித்து நிறுத்திய மூச்சு அன்று.

மேடைக்குரல்

சொல்வேர் தந்த வரலாற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். எனினும் மொழிபெயர்ப்பவருக்கு அதைவிடப் பெரிய உதவி அந்த வரியிலேயே இருக்கிறது. ஷைலாக் அடுக்கிச் சொல்வதைக் கவனியுங்கள்: உடல் வளைய வேண்டும், குரல் அடிமையின் சுருதியில் இருக்க வேண்டும், மூச்சு தணிந்திருக்க வேண்டும், பேச்சு பணிவோடு கிசுகிசுக்க வேண்டும். நான்கும் பேசுகிறவனுடைய உடலைப் பற்றியவை. அதற்கடுத்து அவன் சொல்லிக்காட்டும் வாக்கியம் என்ன? போன புதன்கிழமை என்மீது உமிழ்ந்தீர், இன்னொரு நாள் நாயென்று அழைத்தீர், இத்தனை மரியாதைகளுக்காக உமக்குப் பணம் தரட்டுமா என்பதுதான். அந்தத் தணிந்த மூச்சுக்குள் இவ்வளவு கசப்பையும் அடைத்து வைத்திருப்பதால்தான் அந்தப் பேச்சு இன்றும் அவையை உலுக்குகிறது. அங்கே ‘மூச்சைப் பிடித்துக்கொண்டு’ என்று எழுதினால் பொருள் வேறாவது மட்டுமல்ல, ஷைலாக்கின் சினமே காணாமல் போய்விடும்.

பொருள் எப்படி நகர்ந்தது என்பதும் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஷைலாக்கின் வரியில் அது பேசுகிறவனின் மூச்சு. 1876இல் வெளிவந்த மார்க் ட்வைனின் ‘டாம் சாயர்’ நாவலில், கொலை வழக்கில் டாம் சாட்சி சொல்லும்போது நீதிமன்றத்தில் கூடியிருப்போர் வாய் பிளந்து, ‘பேட்டட்’ மூச்சோடு அவன் சொற்களில் லயித்திருக்கிறார்கள். இங்கே மூச்சு கேட்பவர்களுடையதாகிவிட்டது. அஞ்சுகிறவனும் மூச்சைத் தணிக்கிறான், ஆவலோடு கேட்பவனும் தணிக்கிறான் என்பதால் இந்த மாற்றம் இயல்பானதே. பணிவு என்ற பொருள் மங்கி, காத்திருப்பு என்ற பொருள் மேலோங்கியது அந்தப் பாதையில்தான்.

தமிழில் இதற்கு வழி உண்டு. ‘யாரிடமும் மூச்சுவிடாதே’ என்று நாம் சொல்லும்போது மூச்சு என்பது பேச்சையே குறிக்கிறது; ‘மூச்சுக்காட்டாமல்’ என்பதில் அச்சமும் அடக்கமும் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் ஷைலாக் பேசியாக வேண்டும் என்பதால், பேச்சை அறவே மறுக்கும் இந்தத் தொடர்களை அப்படியே வைக்க முடியாது. ‘குனிந்து நின்று, அடிமைக் குரலில், மூச்சைத் தாழ்த்தி, பணிந்து முணுமுணுத்து’ என்று நான்கையும் வரிசை மாறாமல் வைத்துப் பாருங்கள்.

நாடகவாசகி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ‘மூச்சைத் தாழ்த்தி’ என்பதையே எடுத்துக்கொள்கிறேன். நடிகர் குரலை இறக்குவதற்கும் அது இடம் கொடுக்கிறது. எழுத்துக்கூட்டல் பற்றி யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும்.

மெய்ப்புநோக்கி

‘பேட்டட்’ என்பதன் நடுவில் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்து எழுதுவது பிழை. இரண்டின் உச்சரிப்பும் முற்றிலும் ஒன்றே என்பதால் அது எளிதில் நேர்கிறது. ‘பேட்’ என்ற வினை மறைந்துவிட்டதால், தெரியாத சொல்லின் இடத்தில் தெரிந்த சொல்லைக் கை தானாக எழுதிவிடுகிறது. இரையைக் குறிக்கும் ‘பெய்ட்’ பழைய நார்ஸ் மொழி வழியாக வந்தது. ‘கடிக்கச் செய்’ என்பது அதன் மூலப்பொருள், கடித்தலைக் குறிக்கும் ‘பைட்’ அதற்கு உறவு. ஆக, வேரளவில் இந்த இரண்டு சொற்களுக்கும் தொடர்பே இல்லை. ஆங்கில மூலத்தை எதிர்ப்பக்கத்தில் அச்சிடுவதாக இருந்தால், அந்த ஒரு சொல்லை மட்டும் பதிப்போடு ஒப்பிட்டுச் சரிபார்த்துவிடுங்கள். கணினியின் எழுத்துப்பிழை திருத்தி இரண்டு வடிவங்களையும் சரியான சொற்களாகவே ஏற்றுக்கொள்ளும் என்பதால் அது உங்களை எச்சரிக்காது.