ஏஜென்ட் நினைவகத்துக்கு ஹெல்த் செக்: பிங் போதுமா, எழுதிப் படிச்சுப் பார்க்கணுமா?

நெய்தல்:
ஒரு வாடிக்கையாளர் சேவை ஏஜென்ட்டை (மொழி மாடலை வெச்சுத் தானே பதில் சொல்ற மென்பொருள்) எடுத்துக்குவோம். நடப்பு உரையாடல் ரெடிஸில் (மெமரியிலேயே தரவை வைக்கற சேமிப்பகம்), நீண்டகால நினைவு போஸ்ட்கிரெஸ்–பிஜிவெக்டரில் (ஒரு தரவுதளமும், அதுல வெக்டர்களைத் தேட உதவுற நீட்சியும்), எல்லாம் ஓடுறது குபெர்னெட்டிஸில் (கன்டெய்னர்களை ஓட்டிப் பார்த்துக்கற அமைப்பு). ஹெல்த் செக்னு (எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு பார்க்கற சோதனை) பெரும்பாலும் எழுதுறது ரெண்டே வரி: ரெடிஸுக்கு பிங் (‘இருக்கியா?’ன்னு கேட்கறது, பதில் ‘பாங்’), போஸ்ட்கிரெஸுக்கு ‘செலக்ட் 1’ (சும்மா 1ஐத் திருப்பற கேள்வி). ரெண்டுமே நினைவைத் தொடுறதில்லை. ரெடிஸ் மேக்ஸ்மெமரி (மெமரி உச்சவரம்பு) நிரம்பி, பாலிசி நோஎவிக்‌ஷன்ல (பழசை வெளியேத்தாது) இருந்தா, புதுசா எழுதுறது ஓஓஎம் (மெமரி போதாத) பிழையோட திரும்பும். பிங்குக்கு மட்டும் பாங் வந்துகிட்டே இருக்கும். இணைப்பு ரீட்‑ஒன்லி ரெப்ளிகா (படிக்க மட்டுமே முடியற நகல்) பக்கம் போயிட்டா செலக்ட் 1 பாஸ், இன்செர்ட் ஃபெயில். அதனால ஹெல்த் எண்ட்பாயிண்ட்டே (ஹெல்த் செக்குக்குப் பதில் சொல்ற முகவரி) ஒரு சோதனை நினைவை எழுதி, தேடி எடுத்து, அழிச்சுப் பார்க்கணும். அதுக்குக் குறைஞ்ச எதையும் பச்சைன்னு ஒத்துக்க மாட்டேன்.

கருங்காலி:
அதை லைவ்னெஸ் ப்ரோபில் (தோற்றால் குபெர்னெட்டிஸ் ரீஸ்டார்ட் செய்யும் சோதனை) வைத்துவிடாதீர்கள். இயல்பான அமைப்பு என்ன? 10 நொடிக்கு ஒரு முறை சோதனை, 1 நொடி டைம்அவுட், தொடர்ந்து 3 முறை தோற்றால் ரீஸ்டார்ட். போஸ்ட்கிரெஸ் அரை நிமிடம் மந்தமானால் போதும், எந்தக் குறையும் இல்லாத பாடுகள் (pod, ஏஜென்ட் ஓடும் பிரதிகள்) எல்லாம் ஒன்றாக விழும். எழும்போது எல்லாம் ஒரே நேரத்தில் இணைப்புப் பூலை (தரவுதள இணைப்புகளின் தொகுப்பு) திறக்கும். மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் (தரவுதளம் ஏற்கும் இணைப்புகளின் உச்சவரம்பு) மாற்றப்படாமல் 100 என்றே இருந்தால், மந்தமாக இருந்த தரவுதளம் மொத்தமாகப் படுத்துவிடும். லைவ்னெஸ் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த புராசஸ் உறைந்துவிட்டதா? ரீஸ்டார்ட் செய்தால் சரியாகாத எதற்கும் அங்கே இடமில்லை.

நெய்தல்:
லைவ்னெஸ் பத்தி சொன்னது சரி, ஒத்துக்கறேன். ஆனா ரெடினெஸ்ல (தோத்தா ரீஸ்டார்ட் ஆகாது, அந்தப் பாடுக்குக் கோரிக்கை போறது மட்டும் நிக்கும்) வைக்கலாமே? இதைப் பாருங்க: நினைவைத் தேடறதுக்கு, எம்பெடிங் மாடல் வாக்கியத்தை எண்களின் பட்டியலா (வெக்டர்) மாத்தும்; பொருள் நெருங்கினா வெக்டரும் நெருங்கும். டெக்ஸ்ட்‑எம்பெடிங்‑அடா‑002 தர்றது 1536 பரிமாணம். டெக்ஸ்ட்‑எம்பெடிங்‑3‑ஸ்மால் இயல்பா தர்றதும் 1536. கான்ஃபிக்ல பேரை மட்டும் மாத்திட்டா பிஜிவெக்டர் வாயே திறக்காது, அளவு ஒத்துப்போகுதே. 3072க்கு மாறியிருந்தா முதல் இன்செர்ட்லயே பிழை வந்து மாட்டியிருக்கும். இங்க பழைய வெக்டருக்கும் புதுசுக்கும் தூரம் கணக்கிட்டு, சம்பந்தமே இல்லாத வரிசைகளை எடுத்துக் கொடுக்கும். வாடிக்கையாளர் போன மாசம் சொன்ன முகவரி தேடலில் வராது. பிங் எத்தனை தடவை அடிச்சாலும் இது தெரியாது.

கருங்காலி:
உங்கள் சோதனை நினைவிலும் தெரியாது. இப்போது எழுதி இப்போதே தேடினால் இரண்டு வெக்டரும் புது மாடலில் இருந்தே வரும், கச்சிதமாகப் பொருந்தும். ஃபில்டரிலும் இதே ஓட்டைதான். எச்என்எஸ்டபிள்யூ (அருகில் உள்ள வெக்டர்களைத் தோராயமாக, வேகமாகத் தேடும் இண்டெக்ஸ்) தேடலில் ஈஎஃப்_சர்ச் (எத்தனை வரிசைகளை எடுத்துப் பார்ப்பது) இயல்பாக 40. பயனர் ஐடி ஃபில்டர் இண்டெக்ஸ் ஸ்கேனுக்குப் பிறகுதான் விழுகிறது. நிபந்தனைக்கு 10 சதவீத வரிசைகள் பொருந்தினால் சராசரியாக 4 வரிசைதான் மிஞ்சும், நீங்கள் லிமிட் 10 கேட்டிருந்தாலும். உங்கள் சோதனை வரிசையோ தேடும் வெக்டருக்கு மிக அருகில் இருப்பது, எப்போதும் முதலில் வரும். பயனருக்கு நினைவு பாதி காணாமல் போயிருக்க, போர்டு பச்சையாக இருக்கும். (பிஜிவெக்டர் 0.8.0 முதல், போதாவிட்டால் மேலும் தேடும் இடரேட்டிவ் ஸ்கேன் இருக்கிறது; நாமாக இயக்க வேண்டும்.)

இன்னொன்று: எம்பெடிங் சேவை 429 (கோரிக்கைகள் அதிகம் என்ற பிழை) அனுப்பும் நேரத்தில் எல்லாப் பாடும் சேர்ந்து ரெடினெஸ் இழந்தால் சர்வீஸுக்குப் பின்னால் யாருமே இல்லை. நினைவில்லாமலாவது பதில் சொல்லியிருக்கக்கூடிய ஏஜென்ட், பதிலே சொல்லாது.

மருதம்:
ரெண்டு பேரும் ஒரே எண்ட்பாயிண்ட்டுக்குள்ளேயே நிக்கறீங்க. இதை ப்ரோபை விட்டு வெளியே, 5 நிமிஷத்துக்கு ஒரு கிரான்ஜாபா (நேரம் வெச்சு ஓடற வேலை) ஓட்டுங்க. நிலையான 20 கேள்வி. ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை தேடுங்க: ஒருமுறை இண்டெக்ஸோட, ஒருமுறை டிரான்சாக்‌ஷனுக்குள்ள ‘செட் லோக்கல் எனேபிள்_இண்டெக்ஸ்ஸ்கேன் = ஆஃப்’ போட்டு, அதாவது இண்டெக்ஸ் இல்லாம. முதல் பத்தில் எத்தனை ஒத்துப்போகுதுன்னு மெட்ரிக்கா அனுப்புங்க. ஃபில்டர் வெட்டறது இதுல அப்பட்டமா தெரியும்.

மாடல் மாற்றத்துக்கு: ஒரு வாக்கியத்தோட வெக்டரை முதல் நாளே சேமிச்சு, தினமும் அதே வாக்கியத்தை மறுபடி எம்பெட் பண்ணி கோசைன் (ரெண்டு வெக்டரோட ஒற்றுமை; 1னா ஒரே திசை) பாருங்க. 0.99க்குக் கீழே போனா அலாரம். அச்சு அசலா சமமான்னு சோதிக்காதீங்க, கடைசி தசமங்கள் ஆடும். ஒவ்வொரு வரிசையிலும் மாடல் பேருக்கு ஒரு நெடுவரிசையும் (column) வேணும்.

இதையெல்லாம்விட என்னை உறுத்தறது வேற. தேடல் டைம்அவுட் ஆனா ரேப்பர் (தேடலைச் சுத்தி எழுதின நிரல்) பிழையை விழுங்கி வெறும் பட்டியலைத் திருப்பும். ஏஜென்ட்டைப் பொறுத்தவரை ‘இவரைப் பத்தி எதுவும் தெரியாது’. முகவரியை மறுபடி கேட்டு, புது நினைவா எழுதி வைக்கும். பழுது சரியான பிறகும் முரணான ரெண்டு பதிவு அப்படியே கிடக்கும். ‘ஒண்ணும் இல்லை’, ‘பார்க்க முடியலை’ ரெண்டும் தனித்தனிப் பதிலா ஏஜென்ட்டுக்குப் போகணும்.

நெய்தல்:
கிரான்ஜாப் சரி, அந்த வெறும் பட்டியலும் சரி. ஆனா எழுதவே முடியாத நிலையில ரெடினெஸ் விழத்தான் வேணும். மறந்துபோகப்போற உரையாடலை ஏன் ஏத்துக்கணும்?

கருங்காலி:
படிப்பது நடக்கிறதே. எழுத வேண்டியதை க்யூவில் (காத்திருப்பு வரிசை) போட்டு, பிறகு எழுதுங்கள்.

மருதம்:
அந்த க்யூவை ரெடிஸ்லயே வெக்காதீங்க. நிரம்பியிருக்கறதே அதுதானே.