டேப்லெட்டை ஃபார்மேட் அடிப்பதற்கு முன்: அனுபவத் திரி

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்த பிறகு, பழைய டேப்லெட் வைத்திருப்பவர்கள் பலர் லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். விண்டோஸ் 11 கேட்பது குறைந்தது 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு, டிபிஎம் 2.0 (சாவிகளைப் பூட்டி வைக்கும் பாதுகாப்புச் சில்லு). நம்மிடம் இருப்பதோ 2 ஜிபியும் 32 ஜிபியும். பேச்சுக்கே இடமில்லை.

வருகிறவர்கள் முதல் வேலையாக உள்ளே இருக்கும் விண்டோஸை அழிக்கிறார்கள். அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் இந்தத் திரி. உங்கள் அனுபவத்தையும் சேருங்கள்.

லேப்டாப்பில் எதை அழித்தாலும் கீபோர்டு இருக்கும், ஏதோ ஒன்றைத் தட்டி மீண்டுவிடலாம். மலிவு விலை டேப்லெட்டுகளில் தொடுதிரைச் சில்லுக்கே சொந்த அறிவு கிடையாது. சிலீட் ஜிஎஸ்எல்1680 மாதிரியான சில்லுகள் மின்சாரம் போனதும் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் டிரைவர்தான் அதற்கு ஃபர்ம்வேரை (சில்லை இயக்கும் நிரலை) ஊட்ட வேண்டும். அந்த ஃபர்ம்வேர் சில்லுக்கு ஏற்றது மட்டுமில்லை, கண்ணாடிக்கும் ஏற்றது. ஒரே சில்லு, இரண்டு டேப்லெட், இரண்டு வேறு கோப்புகள். இது தயாரிப்பாளர் போட்டுக்கொடுத்த விண்டோஸ் டிரைவருக்குள் மட்டும் ஒளிந்திருக்கும். பொதுவான ஐஎஸ்ஓ நிறுவல் கோப்பிலிருந்து விண்டோஸை மறுபடி போட்டால் விண்டோஸிலேயே தொடுதிரை செத்துப்போகும்.

எனக்குக் கைமாறி வந்த டேப்லெட் அப்படித்தான் வந்தது. யாரோ சுத்தமாக விண்டோஸ் 10 போட்டுவிட்டார்கள், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் பக்கமே இல்லை. கடைசியில் லினக்ஸ் போட்டேன். கிட்ஹப் தளத்தில் தன்னார்வலர்கள் சேர்த்து வைத்திருக்கும் சிலீட் ஃபர்ம்வேர் தொகுப்பில், வேறு பெயரில் விற்கப்பட்ட ஒரு டேப்லெட்டின் கோப்பு பொருந்தியது. ஃபர்ம்வேர் அடைவில் (ஃபோல்டரில்) சிலீட் என்ற உள்ளடைவுக்குள், டிமெசேஜ் என்ற பதிவில் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எந்தப் பெயரைத் தேடுகிறதோ அதே பெயரில் போட்டதும் திரை உயிர் பெற்றது. ஆனால் இடது தொட்டால் வலதில் விழுந்தது. சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் விதியில், தொடுதலைக் கையாளும் லிப்இன்புட்டின் அளவீட்டு அணியை "-1 0 1 0 1 0" என்று கொடுத்ததும் அதுவும் சரியானது.

தயாரிப்பாளர் போட்ட விண்டோஸ் இன்னும் உங்கள் டேப்லெட்டில் இருந்தால் இத்தனை அலைச்சல் தேவையில்லை. நிர்வாகி உரிமையோடு கட்டளை வரியைத் திறந்து, டிஸ்ம் கட்டளையின் எக்ஸ்போர்ட் டிரைவர் வசதியால் எல்லா டிரைவர்களையும் ஒரு மெமரி கார்டுக்கு ஏற்றுமதி செய்யுங்கள். விண்டோஸ் 8.1 முதல் இந்த வசதி உண்டு. நாளைக்கு விண்டோஸே திரும்பப் போட்டாலும் அந்த அடைவைக் காட்டினால் போதும். லினக்ஸ் என்றால் அதிலிருந்து ஃபர்ம்வேரைப் பிரித்து மாற்றும் கருவிகள் மேலே சொன்ன தொகுப்பிலேயே இருக்கின்றன.

* * *

நல்ல திரி தல. எனக்குத் தொடுதிரை பிரச்சினை கொடுக்கவில்லை, அந்த இடத்துக்குப் போய்ச் சேரவே விடவில்லை. உபுண்டு லினக்ஸ் பென் டிரைவைச் செருகினால் பூட் மெனுவில் பெயரே வராது. பென் டிரைவை மாற்றினேன், ஓடிஜி கேபிளை மாற்றினேன், கதை ஒன்றுதான்.

காரணம் பிறகுதான் புரிந்தது. ஆட்டம் இசட்3735எஃப் 64 பிட் செயலி. ஆனால் அதன் மேல் எழுதிய யூஇஎஃப்ஐ (இயந்திரத்தைத் துவக்கும் நிரல்) 32 பிட். 64 பிட் பென் டிரைவில் இருக்கிற துவக்கக் கோப்பை அது திரும்பிக்கூடப் பார்க்காது. இஎஃப்ஐ அடைவில் பூட் என்ற உள்ளடைவுக்குள் பூட்ஐஏ32 என்ற கோப்பைச் சேர்த்தால் உடனே மெனுவில் வந்துவிடும். அதற்குப் பிறகு 64 பிட் கர்னலே ஓடும், 3.15-இலிருந்து கர்னலில் அந்தக் கலப்பு முறை இருக்கிறது. கையால் சேர்க்கப் பிடிக்காதவர்கள் ஃபெடோரா லினக்ஸைப் பாருங்கள், 27-ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் யூஇஎஃப்ஐக்கு ஆதரவு கொடுத்தார்கள்.

நிறுவும்போது இன்னொரு தொல்லை: இருப்பது ஒரே மைக்ரோ யூஎஸ்பி துளை. சார்ஜும் அதில்தான், பென் டிரைவும் அதில்தான், கீபோர்டும் அதில்தான். தனி மின்சாரம் உள்ள ஹப் ஒன்று வாங்கி, பேட்டரியை முழுசா ஏற்றிவிட்டு உட்காருங்கள். நடுவில் அணைந்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

* * *

பே டிரெயில் (மேலே சொன்ன இசட்3735எஃப் மாதிரியான இன்டெல் ஆட்டம் வகை) டேப்லெட் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாம் போட்டு முடித்து, சும்மா ஒரு பக்கம் படித்துக்கொண்டிருக்கும்போது திரை அப்படியே உறைந்துவிடும். எதுவும் செய்ய முடியாது, பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதைத் தவிர. என்னுடையது வேலை அதிகமாக இருக்கும்போது உறையவே உறையாது, ஓய்வாக இருக்கும்போதுதான் உறையும். செயலி ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போகிற இடத்தில்தான் சிக்கல்.

கிரப் என்ற துவக்க நிரலில் கர்னல் வரியில் இன்டெல் ஐடில் மேக்ஸ் சிஸ்டேட் அளவுருவை 1 என்று வைத்தால் உறைவது நிற்கும். பேட்டரி வேகமாகக் கரையும், அதுதான் விலை. எடுத்த எடுப்பில் இதைப் போடாதீர்கள். புதிய கர்னலில் சில நாள் ஓட்டிப் பார்த்து, உறைந்தால் மட்டும் போடுங்கள். இணையத்தில் பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டுத் தேவையே இல்லாமல் இதை வைத்துக்கொண்டு "லினக்ஸில் பேட்டரி நிற்கவில்லை" என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வைஃபை பற்றியும் கேட்பார்கள். ரியல்டெக் 8723பிஎஸ் சில்லுக்கு முன்பெல்லாம் டிரைவரை நாமே தொகுக்க வேண்டியிருந்தது. 4.12 கர்னலிலிருந்து அது உள்ளேயே வருகிறது. பிராட்காம் சில்லு என்றால் என்விராம் என்று ஒரு சின்ன அமைப்புக் கோப்பும் வேண்டும். பல டேப்லெட்டுகளில் அது இஎஃப்ஐ மாறிகளுக்குள்ளேயே (யூஇஎஃப்ஐ சேமித்து வைக்கும் அமைப்புகள்) இருக்கும். புதிய கர்னல்கள் அங்கிருந்து தாமாகவே எடுத்துக்கொள்கின்றன. திரி தொடங்கிய அண்ணா சொன்னதுதான் இங்கேயும், வேண்டியது எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

* * *

லினக்ஸ் போட்டதும் எழுத்தெல்லாம் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வருகிறது, கழுத்து வலிக்கிறது. யாராவது வழி சொல்லுங்களேன்.

* * *

மேலே கேட்டவருக்கு: பயப்படாதீர்கள், எதுவும் கெடவில்லை. மலிவான டேப்லெட்டுகளில் போனுக்குச் செய்த நெட்டுவாக்குத் திரையைப் படுக்கவைத்து மாட்டியிருப்பார்கள். விண்டோஸ் அதைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தது, இப்போது நீங்கள் திருப்ப வேண்டும்.

கர்னல் வரியில் எஃப்பிகான் ரோட்டேட் என்ற அளவுரு உண்டு. 1 கொடுத்தால் கடிகாரத் திசையில் கால் சுற்று, 3 கொடுத்தால் எதிர்த்திசையில். அது கருப்புத் திரையில் வரும் எழுத்துக்கு மட்டும். பேனல் ஓரியன்டேஷன் அளவுருவை வீடியோ அமைப்போடு சேர்த்துக் கொடுத்தால், வேலண்டில் (திரையில் படம் காட்டும் புதிய முறை) ஓடும் கினோம் டெஸ்க்டாப் அதைப் புரிந்துகொண்டு படம், தொடுதல் இரண்டையும் சேர்த்தே திருப்பும். பழைய முறையான எக்ஸ்11-இல் இருந்தால் படத்தைத் திருப்பிய பிறகு தொடுதலைத் தனியாகத் திருப்ப வேண்டும், அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். என் கருத்தில் டேப்லெட்டுக்கு எக்ஸ்11 வேண்டவே வேண்டாம்.

டேப்லெட்டைத் திருப்பும்போது திரை தானாகத் திரும்ப ஐஐஓ சென்சார் பிராக்ஸி என்ற சேவை தேவை. அது தலைகீழாகத் திரும்பினால் முடுக்கமானியை (சாய்வை அறியும் சென்சாரை) பலகையில் வேறு திசையில் ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஹெச்டபிள்யூடிபி என்ற வன்பொருள் தரவுத்தளத்தில் உங்கள் மாடலுக்கு மவுன்ட் மேட்ரிக்ஸ் (திசையைத் திருத்தும் அணி) ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்த்ததை அதைப் பராமரிக்கும் சிஸ்டம்டி திட்டத்துக்கும் அனுப்பிவிடுங்கள், அதே மாடல் வைத்திருக்கும் அடுத்தவருக்கு வேலை மிச்சம். ரெட் ஹேட்டில் இருந்தபடி ஹான்ஸ் டி கூடே பே டிரெயில், செர்ரி டிரெயில் டேப்லெட்டுகளுக்காக இப்படி மாடல் மாடலாகச் சேர்த்தவைதான் இன்று நம்மில் பலருக்குப் போட்டவுடனே வேலை செய்கிறது.

* * *

நான் கணினிக்காரன் இல்லை, படம் வரைகிறவன். வேகோம் பேனா உள்ளே பொருந்திய பழைய மடக்கு டேப்லெட் ஒன்றை இன்னும் விடாமல் வைத்திருக்கிறேன். புதிதாக வருவதெல்லாம் கண்ணாடியில் வழுக்குகிறது, இதன் திரையில் காகிதம் மாதிரி ஒரு உராய்வு.

நடுவில் துல்லியம். ஓரத்துக்குப் போனால் பேனா ஓரிடம், கோடு ஓரிடம். இந்தப் பேனா மின்காந்தத்தால் இயங்குவது, அதனால் சட்டத்தில் இருக்கும் உலோகமும் காந்தமும் ஓரங்களில் அதை இழுத்து வளைத்துவிடும். விண்டோஸில் வழக்கமான அளவீட்டுத் திரை தரும் புள்ளிகள் இந்த வளைவைச் சமாளிக்கப் போதாது. டேப்கால் என்ற கருவியைக் கட்டளை வரியிலிருந்து லின்கால் என்ற சொல்லோடு அழைத்தால், எந்தெந்தப் பிக்சலில் புள்ளி வேண்டும் என்று நாமே கொடுக்கலாம். நடுவில் சிலதை மட்டும் வைத்து, நான்கு விளிம்பிலும் நெருக்க நெருக்கமாகப் புள்ளி வைத்தேன். கை கடுத்துவிட்டது, நிறையப் புள்ளி. ஆனால் அதற்குப் பிறகு மெனு மூலையில் இருக்கும் சின்னப் பட்டன்கூட முதல் குத்திலேயே அகப்படுகிறது.

அழுத்தம் வேலை செய்யவில்லை என்று கேட்பவர்களுக்கு: வரையும் மென்பொருள் வின்டேப், விண்டோஸ் இங்க் (பேனாத் தகவலைப் பெறும் இரண்டு வழிகள்) இரண்டில் எதைக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள். கிரிட்டாவில் அமைப்புகளிலேயே மாற்றலாம். ஃபோட்டோஷாப்பில் பிஎஸ்யூசர்கான்ஃபிக் என்ற உரைக்கோப்பில் யூஸ்சிஸ்டம்ஸ்டைலஸ் 0 என்று எழுதினால் வின்டேப்புக்கு மாறும். கூடவே பேனா அமைப்புகளில் "அழுத்திப் பிடித்தால் வலது கிளிக்" என்பதை அணைத்துவிடுங்கள். மெதுவாக ஒரு புள்ளியில் தொடங்கும் கோட்டை அந்த வட்டம் வந்து கெடுப்பது போல வேறெதுவும் கெடுக்காது.

* * *

சர்ஃபேஸ் புரோவில் லினக்ஸ் போட நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக. வால்யூம் மேல் பட்டனைப் பிடித்தபடி பவர் போட்டால் யூஇஎஃப்ஐ, கீழ் பட்டனைப் பிடித்தால் பென் டிரைவிலிருந்து துவக்கம்.

அதற்கு முன் பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுக் குறியாக்கம்) மீட்புத் திறவுகோலை எடுத்து வையுங்கள், 48 இலக்கம். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் துவங்க விடும் அமைப்பு) வசதியை அணைத்ததும் டிபிஎம் "இது நான் பார்த்த இயந்திரம் இல்லை" என்று சாவியைக் கொடுக்க மறுக்கும், விண்டோஸ் அந்த 48 இலக்கத்தைக் கேட்கும். இது பழுதில்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். நான் முன்கூட்டியே விண்டோஸில் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத்தான் அமைப்பில் கை வைத்தேன், கேள்வியே வரவில்லை. இருந்தாலும் திறவுகோலைக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன்.

புரோ 4-க்குப் பின் வந்த பல மாடல்களில் சாதாரணக் கர்னலில் தொடுதிரை வராது. திரை விரலின் இடத்தைச் சொல்வதில்லை, வெப்பப்படம் மாதிரி மூலத் தரவை அனுப்புகிறது. அதிலிருந்து விரல் எங்கே, உள்ளங்கை எங்கே என்று கணக்கிட ஐபிடிஎஸ்டி என்ற பின்னணி நிரல் வேண்டும். லினக்ஸ் சர்ஃபேஸ் திட்டத்தின் கர்னலையும் இதையும் சேர்த்துப் போட்டால் எனக்கு நன்றாகவே ஓடுகிறது.

* * *

எல்லோரும் லினக்ஸ் என்கிறீர்கள், நான் எதிர்க்கட்சி. ஸ்கேனருக்கு விண்டோஸ் மென்பொருள் மட்டுமே இருக்கிறது, அதனால் டேப்லெட்டில் விண்டோஸ் 10-ஐ விடவில்லை. இணையத்தில் இணைப்பதில்லை, அவ்வளவுதான்.

32 ஜிபியில் இடம் பிடிக்க, விண்டோஸ் கோப்புகளைச் சுருக்கும் காம்பாக்ட் ஓஎஸ் கட்டளை ஒன்று போதும், எனக்கு 2 ஜிபி அளவுக்கு மிஞ்சியது. பெரிதாக வேகம் குறையவில்லை. பையில் வைத்த டேப்லெட் சூடாகி பேட்டரி காலியாகிறது என்றால் அது மாடர்ன் ஸ்டேண்ட்பையின் வேலை. திரை அணைந்தாலும் உள்ளே விழித்திருக்கும். பவர்சிஎஃப்ஜி கட்டளையில் ஸ்லீப்ஸ்டடி கேட்டால் எந்த டிரைவர் தூங்கவிடாமல் செய்தது என்று அறிக்கை வரும். நான் அறிக்கையெல்லாம் ஒரு தடவை படித்துவிட்டு, பவர் பட்டனை ஹைபர்னேட்டுக்கு (ராமில் இருப்பதை வட்டில் எழுதிவிட்டு அணைவது) மாற்றிவிட்டேன். அதற்கான கோப்பு வழக்கமாக ராம் அளவில் 40 சதவீத இடத்தை வட்டில் எடுக்கும், 2 ஜிபி ராமுக்கு அது ஒரு பொருட்டில்லை.

* * *

எதிர்க்கட்சி ஐயாவுக்கு வணக்கம், இணையத்தில் இணைக்காதவரை நீங்கள் சொல்வது நியாயம். லினக்ஸ் போட்ட பிறகு 2 ஜிபி ராம் மூச்சுத் திணறுகிறதென்றால் இசட்ராம் (ராமுக்குள்ளேயே தரவைச் சுருக்கி வைப்பது) போடுங்கள். இஎம்எம்சி சேமிப்புச் சில்லில் ஸ்வாப் (ராம் போதாதபோது தரவை ஒதுக்கும் இடம்) வைத்தால் மெதுவாகவும் இருக்கும், அதன் ஆயுளும் குறையும். ஃபெடோராவில் 33 முதல் இசட்ராம் தானாகவே வருகிறது. ஃபயர்ஃபாக்ஸில் விரலால் தள்ளினால் பக்கம் நகராமல் எழுத்து தேர்வாகிறதா? பழைய பதிப்பும் எக்ஸ்11-உம் சேர்ந்தால் அப்படி வரும். 121-ஆம் பதிப்பிலிருந்து அது வேலண்டைத் தானே பயன்படுத்துகிறது.

* * *

ஒரு சந்தேகம் அண்ணா. நிறுவும்போது முழு வட்டுக் குறியாக்கத்தை டிக் செய்தால், துவங்கும்போது கடவுச்சொல் கேட்குமே, கீபோர்டு இல்லாமல் எதில் தட்டுவது?

* * *

நல்ல கேள்வி தம்பி, டிக் செய்வதற்கு முன்னாடி கேட்டீர்கள். வழக்கமான விநியோகங்களில் அந்தக் கட்டத்தில் திரைக் கீபோர்டு வராது. போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் என்ற லினக்ஸ் விநியோகத்தைச் செய்கிறவர்கள் அன்லாக்கர் என்று ஒன்று செய்திருக்கிறார்கள், துவக்கக் கட்டத்திலேயே திரையில் கீபோர்டைக் காட்டும். டிபிஎம் 2.0 இருந்தால் சிஸ்டம்டி கிரிப்ட்என்ரோல் மூலம் சாவியை அதில் பதிந்து தட்டாமலேயே திறக்கலாம், ஆனால் டேப்லெட்டை எடுத்துப்போகிறவர் இயக்கினாலும் அது திறந்துவிடும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

அன்லாக்கர் வழியில் போனால் தொடுதிரை டிரைவரையும் அந்த சிலீட் ஃபர்ம்வேர் கோப்பையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் (துவக்கத்தில் முதலில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) சேர்க்க வேண்டும். வட்டு திறப்பதற்கு முன்னால் ஃபர்ம்வேர் அடைவையே கர்னலால் படிக்க முடியாது. சேர்த்துவிட்டு இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்கி, உள்ளே கோப்பு இருக்கிறதா என்று பட்டியலிட்டுப் பார்த்த பிறகு ரீபூட் கொடுங்கள். அதுவரை ஓடிஜி கீபோர்டு பக்கத்திலேயே இருக்கட்டும்.